லாபம், ரெண்டு, மூணு

நேற்றுக் காலையில் காலனி நலச் சங்கத்திலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் ரிட்டயர் ஆனவர். இன்னொருவர் ரிட்டயர் ஆக இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறது என்று கேட்காமலே சொன்னார். காலனி முக்கில் மெட்ராஸ் கம்பெனி ஒன்று டிபார்ட்மெண்ட் ஸ்டோர் திறக்கப் போகிறதாம். ஊருக்கு ஊர் அவர்களுக்குக் கடை இருக்கிறதாம். சின்னக் கடைக்காரர்கள் வயிற்றில் அடிக்கிற இந்தக் காரியத்தைத் தடுத்தே ஆகவேண்டும் என்று மனு எழுதியிருக்கிறார்கள், முதல் கையெழுத்து நான் போட வேண்டுமாம். காலனியிலேயே வயதானவன் நான்தான் என்பது தவிர எனக்கு வேறு தகுதி கிடையாது. சரி, கொடுங்கள் என்று கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டேன். மனுவை ஒரு பிளாஸ்டிக் பையிலிருந்து எடுத்தார்கள். பளபளவென்று புதுப் பை. அதன் மேல் அந்த ஸ்டோரின் பெயரும், கை கூப்பி நிற்கும் ஒரு பெண்ணின் படமும். கடை திறக்குமுன்பே வீட்டுக்கு இரண்டு பை இலவசமாகக் கொடுத்திருக்கிறார்கள்.

என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. இருமல் வந்ததுபோல் பாவனை செய்து உள்ளே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். உங்களுக்குச் சொல்வதற்கென்ன, இந்தப் பையை எனக்கு ஐம்பது வருஷமாகத் தெரியும். அப்போது அது பையாக இல்லை, தகர டப்பாவாக இருந்தது.

யுத்தம் முடிந்து இரண்டு வருஷம் இருக்கும். எனக்கு இருபத்திரண்டு வயது. துறைமுகத்தில் ஒரு கப்பல் ஏஜெண்டு ஆபீசில் குமாஸ்தா. நாலு வரி இங்கிலீஷ் பிழையில்லாமல் எழுதுவேன் என்பதால் உலகத்தில் என்னை மிஞ்சியவன் இல்லை என்று நினைப்பு. மடிப்புக் கலையாத சட்டை, காதில் ஒரு பென்சில். ஆபீசுக்குக் கடற்கரை வழியாக நடந்து போவேன். வழியில் காயவைத்த கருவாட்டு வாடை சட்டையில் ஒட்டாமல் இருக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடுவேன். அந்த வாடையில் வந்த காசில்தான் வீட்டில் என்னைப் பத்தாவது வரைக்கும் படிக்க வைத்தார்கள். அது வேறு விஷயம்.

கருவாட்டு வாடை முடிகிற இடத்தில் எங்கள் தெரு ஆரம்பிக்கும். தெரு முனையில் ஏரல் அண்ணாச்சியின் மளிகைக் கடை. பெருங்காயம், சாக்கு, ஓலைப்பெட்டியில் இளகிப்போன கருப்பட்டி எல்லாம் சேர்ந்து ஒரு வாசனை வரும். அண்ணாச்சிக்கு ஏரல் பக்கம். பனங்காட்டு மனிதர். கறுத்து, நெடுநெடுவென்று, சட்டை போடாத உடம்பு. அவரை மகான் ஆக்கிவிட நான் இதை எழுதவில்லை. ரவையில் வண்டு இருக்கும். புளியில் கொட்டை இருக்கும். கேட்டால், "கொட்டையை நானா வச்சேன்? மரம்லா வச்சுது" என்பார். ஆனால் அளவில் மட்டும் கை சுத்தம். உளுந்து, பயறு எல்லாம் அப்போது படியால் அளப்பதுதான் வழக்கம். அண்ணாச்சி படியில் கும்பாரமாகக் குவித்து, சிந்துகிறதையும் சேர்த்தே தள்ளுவார்.

அளக்கும்போது உரக்க எண்ணுவார். எங்கள் பக்கத்தில் அப்போது யாரும் முதல் படியை "ஒண்ணு" என்று எண்ண மாட்டார்கள். "லாபம்" என்பார்கள். லாபம், ரெண்டு, மூணு என்று போகும். வாங்குகிறவனுக்கும் விற்கிறவனுக்கும் நல்லது நடக்கட்டும் என்று ஒரு மங்கலச் சொல், அவ்வளவுதான். தெருவில் பேசத் தெரிந்த குழந்தைக்குக்கூட இது தெரியும். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தச் சமயத்தில்தான் தெரு நடுவில் இருந்த காலிக் கட்டடத்துக்கு வெள்ளையடித்து, வெளியே துணியில் எழுதிக் கட்டினார்கள். ஒரு பெரிய ஸ்டோர்ஸ் கம்பெனி, "எங்கள் ஏழாவது கிளை" என்று. ஆற்றோரத்து நெல் ஊர்களிலிருந்து வந்து குடியேறிய சில வீடுகளில் சம்பந்தம் பேசும்போது "நீங்க எந்தக் கிளை?" என்று குலப் பிரிவைத்தான் முதலில் கேட்பார்கள். அப்படி ஒரு கிழவர் நேரே உள்ளே போய், ஏழாவது கிளை என்றால் என்ன கிளை, பெண் கொடுக்கிற கிளையா எடுக்கிற கிளையா என்று மேனேஜரை விசாரித்தார். மேனேஜர் கும்பகோணத்துக்காரர். பேண்ட் போட்டவர். அவர் இந்தக் கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரித்ததாகக் கேள்வி. அவரைச் சொல்லிக் குற்றமில்லை.

தெரு கொதித்தது. கொதிக்க வைத்தவர் சங்கரலிங்கம் பிள்ளை. ஒரு பஞ்சுக் கம்பெனியில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். தெருவில் எது நடந்தாலும் தலைமை தாங்குவார். ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் வாசகசாலையில் கூட்டம். "நம்ம ஊரு வியாபாரம் நம்ம கையை விட்டுப் போவுது. அண்ணாச்சி நம்ம ஆளு. அவரு வயித்துல மண்ணு விழ விடலாமா?" என்று பிள்ளை குரல் தழதழக்கப் பேசினார். சிலருக்குக் கண் கலங்கிற்று. சுங்க ஆபீஸ் ராமையா மட்டும் எழுந்து, "அந்தக் கடை ரவையில வண்டு கிடக்கு. அவரு வண்டையும் சேத்துல்லா நிறுக்காரு. புதுக் கடை வந்தா என்னங்கேன்?" என்றான். பாதிப் பேர் அவன் பக்கம், பாதிப் பேர் பிள்ளை பக்கம் என்று ஒரு மணி நேரம் சண்டை நடந்தது. பெஞ்சு ஒன்று உடைந்தது. கடைசியில் எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். ராமையாவும் போட்டான். எல்லோரும் போடும்போது தான் மட்டும் போடாமல் இருந்தால் நன்றாக இருக்காதாம்.

பிள்ளைவாளின் கண்ணீருக்குக் காரணம் எனக்கு அடுத்த வாரம்தான் தெரிந்தது. தெருக் கோடியில் அவருடைய பழைய கிட்டங்கி ஒன்று வௌவால் அடைந்து கிடந்தது. பஞ்சு மூட்டை அடுக்கிய இடம். அதைக் கடைக்கு வாடகைக்கு எடுக்கச் சொல்லிக் கம்பெனியைக் கெஞ்சியிருக்கிறார். அவர்கள் வேறு கட்டடத்தைப் பிடித்துவிட்டார்கள். உடனே இவருக்கு ஊர்ப்பற்று வந்துவிட்டது.

மனுவை எழுதியவன் நான். நாலு பக்கம், இங்கிலீஷில். அண்ணாச்சியைப் பற்றி ஒன்றரைப் பக்கம், என் இங்கிலீஷைப் பற்றி மீதி இரண்டரைப் பக்கம் என்று சொல்லலாம். கடைசியில் மனு வழக்கப்படி "டியூட்டி பவுண்ட் ஷல் எவர் ப்ரே" என்று முடித்துவிட்டு, அதைக் கையில் வைத்துக்கொண்டு கண்ணாடி முன்னால் ஒருமுறை வாசித்துப் பார்த்தேன். வெட்கம்தான், இப்போது.

கையெழுத்து காய்ந்த மறுநாள் மேனேஜர் ஒரு கைவண்டியோடு வந்து வீட்டுக்கு வீடு ஒரு தகர டப்பா கொடுத்துவிட்டுப் போனார். மூடியில் மயில் படம், உள்ளே ஒரு பொட்டலம் தேயிலை. வேண்டாம் என்று சொன்ன வீடு ஒன்றுகூட இல்லை. அம்மா டப்பாவைத் தட்டிப் பார்த்தாள். "நல்ல கெட்டியான தகரம்லே. உளுந்து போட்டு வைக்கலாம்" என்றாள். போட்டும் வைத்தாள். அண்ணாச்சி கடை உளுந்து.

மனுவை விசாரிக்க, லைசென்ஸ் கொடுக்கிற ஆபீசிலிருந்து ஒரு அதிகாரி வந்தார். எந்த ஆபீஸ் என்பது இப்போது எதற்கு. பெங்களூர் கன்டோன்மெண்டில் வளர்ந்த இளைஞர்; தமிழ் அவருக்குச் சமையல்காரனோடு பேசுகிற அளவுக்கு. இங்கே ஏற்கெனவே இருக்கிற கடை எப்படி நடக்கிறது என்று பார்த்தால்தான் முடிவு சொல்ல முடியும் என்றார். பத்து மணிக்குத் தெருவே அண்ணாச்சி கடை முன்னால் கூடிவிட்டது. அண்ணாச்சி அன்றைக்குச் சட்டை போட்டிருந்தார். அந்தச் சட்டையில் அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. தன் கடை நிலைக்குமா நிலைக்காதா என்பது அந்த அரை மணி நேரத்தில் இருக்கிறது என்று அவருக்குத் தெரியும்.

அப்போது கடையில் நின்றது பிலோமி அக்கா. திரேஸ்புரத்திலிருந்து எங்கள் தெருவுக்கு மீன் கொண்டு வருகிறவள். மகள் கல்யாணத்துக்கு ஆறு படி உளுந்து கேட்டிருந்தாள். அண்ணாச்சி பலகைக்கு உட்பக்கம், எதிரே நிற்பவருக்குத் தெரியாத இடத்தில் அவள் சாக்கைப் பிரித்து வைத்து, அதிகாரிக்குக் கேட்கட்டும் என்று வழக்கத்தைவிட உரக்க எண்ணி அளந்தார். "லாபம்… ரெண்டு… மூணு…"

ஆறு வரை போனதும் அதிகாரி கையை உயர்த்தினார். "ஒன்று எங்கே?"

அண்ணாச்சிக்குக் கேள்வி புரியவில்லை. "அது லாபம்லாங்க" என்றார், பெருமையாக.

"முதல் படி உனக்கு லாபமா? எல்லார் முன்னாலேயும் எடுக்கிறாயா?"

"ஐயையோ, குறைச்சல் ஒண்ணும் கிடையாதுங்க. வேணும்னா திருப்பி அளக்கேன்" என்று அண்ணாச்சி சாக்கைக் கவிழ்த்தார். உளுந்தைக் குவித்தார். படியை முக்கினார். எல்லோரும் கழுத்தை நீட்டிப் பார்த்தோம். முதல் படியைச் சாக்கில் கொட்டி, "லாபம்" என்றார்.

வேறு என்ன சொல்வார்? கல்யாண உளுந்து. கழுத்தில் கத்தியை வைத்தாலும் அதற்கு அவர் வாயில் "ஒண்ணு" வராது. அதிகாரி முகம் சிவந்து நோட்டுப் புத்தகத்தைத் திறந்து எழுத ஆரம்பித்தார்.

இப்போது அங்கே நின்றவர்களைப் பாருங்கள். சங்கரலிங்கம் பிள்ளைக்கு விஷயம் தெரியும். ஆனால் முந்தின நாள்தான் கம்பெனி அவருடைய கிட்டங்கியைச் சரக்கு வைக்க எடுத்துக்கொண்டிருந்தது. அவர் மேல்துண்டை உதறி மறுபடி போட்டுக்கொண்டார். ராமையாவுக்குத் தெரியும்; அவன் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தான். கும்பகோணத்து மேனேஜருக்கும் தெரியும், அவர் ஊரிலும் அதே லாபம்தான். அவர் வானத்தைப் பார்த்தார். மயில் டப்பா வாங்கிய அத்தனை பேரும் வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டு நின்றார்கள்.

பிலோமி அக்கா ஒருத்திதான் வாயைத் திறந்தாள். "எய்யா, அது எண்ணுத கணக்குய்யா. எனக்கு ஆறு படியும் வந்துட்டு. நான்லா வாங்குதேன்!"

"மீன்காரிக்கு இங்கன என்ன பேச்சு? போளா அங்கிட்டு" என்றார் பிள்ளை. பேசாமலே இருந்திருந்தால் அவர் மேல் எனக்கு இவ்வளவு அருவருப்பு வந்திருக்காது.

அவள் என் பக்கம் திரும்பினாள். "தம்பி, நீரு இங்கிலீசு படிச்சவருதான? அவருக்குப் புரியும்படியா சொல்லும்."

இங்கிலீஷில் இரண்டு வாக்கியம். இங்கே ஒன்று என்பதற்கு லாபம் என்று சொல்வார்கள், ஆறு படியும் அந்த அம்மாளுக்குத்தான். அவ்வளவுதான் சொல்லியிருக்க வேண்டும். வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் அந்த அதிகாரியின் கழுத்துப் பட்டையும், பெங்களூர் உச்சரிப்பும்! அவர் முன்னால் நின்று இந்தப் பட்டிக்காட்டு நம்பிக்கையை எடுத்துச் சொன்னால் என்னையும் இவர்களில் ஒருவனாக நினைத்துவிடுவாரே என்று பட்டது. நான் குனிந்து என் செருப்பு வாரைச் சரிசெய்தேன். அதில் சரிசெய்ய ஒன்றும் இல்லை. மற்றவர்களையாவது வாடகையும் டப்பாவும் கொடுத்து வாங்கினார்கள். என்னை யாரும் வாங்கக்கூட இல்லை.

பத்து நாளில் கம்பெனிக்கு லைசென்ஸ் வந்தது. அண்ணாச்சிக்கு ஒரு கடிதம் வந்தது, இங்கிலீஷில். அதை வாசித்துச் சொல்ல அவர் யாரிடம் வருவார்? என்னிடம்தான் வந்தார். "முதல் படியைத் தனக்கென எடுத்துக்கொள்ளும் வழக்கம் நேரில் காணப்பட்டது, இனி நடந்தால் கடையை மூட வேண்டிவரும்." வாசித்தேன். சொன்னேன். "சரி தம்பி" என்று கடிதத்தை வாங்கி நாலாக மடித்துக்கொண்டு போனார்.

மறுநாளிலிருந்து அண்ணாச்சி "ஒண்ணு" என்று எண்ணினார். சொல்லும்போது குரல் இறங்கிவிடும். தெருவில் அவருக்கு "லாபம் அண்ணாச்சி" என்று பெயர் வைத்துச் சிரித்தார்கள். அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று நன்றாகத் தெரிந்தவர்கள்தான் சிரித்தார்கள். புதுக் கடையில் பருப்பு காகிதப் பையில் கிடைத்தது, காசு வாங்கிக்கொண்டு "தேங்க் யூ" சொன்னார்கள். எங்கள் ஆட்களுக்கு அது போதும். முதலில் காகிதப் பையை மேல்துண்டில் மறைத்துக்கொண்டு போனார்கள், பிறகு அண்ணாச்சி கடை வழியாகவே வீசிக்கொண்டு போனார்கள். அடுத்த பொங்கலுக்கு முன்னால் அண்ணாச்சி கடையை மூடிவிட்டு ஏரலுக்கே போய்விட்டார்.

அந்தக் கம்பெனியும் எங்கள் தெருவில் மூன்று வருஷம்தான் இருந்தது. ஏழாவது கிளையை மூடப் போகிறார்கள் என்றதும் மறுபடி வாசகசாலையில் கூட்டம். மூட வேண்டாம் என்று கெஞ்சி ஒரு மனு. பிள்ளைவாளுக்கு அப்போதும் குரல் தழதழத்தது. அந்த மனுவையும் நான்தான் எழுதினேன்.

இப்போது அண்ணாச்சி கடை இருந்த இடத்தில் சைக்கிள் ஸ்டாண்ட். ஸ்டோர்ஸ் இருந்த இடத்தில் லாட்ஜ். வாசகசாலையை இடித்துவிட்டார்கள், நல்ல காரியம். படியும் போயிற்று, எல்லாம் கிலோ. என் மருமகளிடம் லாபம், ரெண்டு, மூணு என்று ஒருநாள் சொல்லிப் பார்த்தேன். "ஒண்ணு என்ன ஆச்சு மாமா?" என்று அந்த அதிகாரி கேட்ட மாதிரியே கேட்டாள். நேற்று வந்த இரண்டு பேரும் காபி குடித்துவிட்டு, ஒன்று என்று எண் போட்டிருந்த இடத்தில் நான் கையெழுத்துப் போட்டதும், மனுவைப் பத்திரமாக அந்தப் பையிலேயே வைத்துக்கொண்டு போனார்கள். எங்கள் வீட்டுச் சமையலறையிலும் அதே பை இரண்டு தொங்குகிறது.

அண்ணாச்சியை அதற்கப்புறம் ஒரே ஒருமுறை பார்த்தேன். ஏழெட்டு வருஷம் கழித்து ஒரு கல்யாணத்துக்காக ஏரல் போயிருந்தபோது, சந்தையில் ஒரு ஓரமாகச் சாக்கு விரித்துப் பயறு விற்றுக்கொண்டிருந்தார். தலை நரைத்துவிட்டது. "வாங்க தம்பி, அம்மா சௌக்கியமா?" என்று கேட்டார். வேறு என்ன செய்வது என்று தெரியாமல் நாலு படி பயறு கேட்டேன். குவித்து அளந்து கொட்டி, "ஒண்ணு" என்றார். சுற்றிலும் மற்ற வியாபாரிகள் லாபம், லாபம் என்று அளந்துகொண்டிருந்தார்கள். எனக்குத் தாங்கவில்லை. "இங்கன யாரு அண்ணாச்சி கேக்கப் போறா? லாபம்னே சொல்லுங்களேன்" என்றேன்.

அவர் படியைப் பயற்றுக்குள் முக்கினார். முகத்தில் கோபம் இல்லை.

"அன்னைக்கு நீங்க சொல்லியிருக்கலாமே தம்பி" என்றார். பிறகு, "ரெண்டு" என்று அளந்தார்.