காயாத படகு

அந்தத் தீபாவளிக்கு அண்ணன் எனக்குச் செய்த அநியாயத்தை நான் சொல்லிப் புலம்பாத ஆளில்லை. எனக்கு எட்டு வயது. கொழும்பில் ஹாட்வெயார் கடையொன்றில் வேலைக்கு நின்ற அவன், மூன்று நாள் லீவில் மஸ்கெலியாவில் தேயிலைத் தோட்டத்து வீட்டுக்கு வந்தான். முள்முருங்கைக் கட்டையில் படகு செதுக்கிக் கொடுத்தான். அதுவரை நல்ல அண்ணன்தான். அவனே கொண்டுவந்த சிவப்புப் பெயின்ட் டின்னை நான் திறந்ததும் சட்டம் பேச ஆரம்பித்தான்.

“வெறும் மரம் பெயின்டக் குடிச்சிரும் பாப்பா. மொதல்ல சீலர் அடிச்சு மரத்தோட ஓட்டையெல்லாம் அடைக்கணும்.”

அடித்தான். காய்ந்ததும் சாண்ட் பேப்பரால் தேய்த்தான். மறுபடி அடித்தான், மறுபடி தேய்த்தான். பிறகு வெள்ளைப் பிரைமர், அதுவும் இரண்டு தடவை. மூன்று நாள் ஒன்பது நாளானது. எப்போது கிளம்புவாய் என்று அப்பா கேட்கும்போதெல்லாம் ஒரே பதில்தான்.

“பாப்பா படக முடிச்சிட்டுப் போறேம்ப்பா. இந்தப் பனியில காயவே மாட்டேங்குது.”

பச்சைப் பொய். நான் தொட்டுப் பார்த்தேன், சுக்காகக் காய்ந்திருந்தது. சொன்னால், உள்ளே ஈரம் இருக்கிறது என்று இன்னொரு பூச்சுக்கு பிரஷைத் தேடுவான். உங்கள் கப்பல் எப்போது கிளம்பும் என்று எங்கள் லயத்து வரிசை வீட்டுப் பிள்ளைகள் கேட்டுச் சிரித்தார்கள். என் படகு, இவனுக்கென்ன வந்தது?

பத்தாம் நாள் அவன் குளிக்கப் போன நேரத்தில் படகு முழுக்கச் சிவப்பை அடித்துவிட்டேன். பெரிய சண்டைக்குத் தயாராக நின்றேன். அவன் திட்டவேயில்லை. அதிலும் எனக்குக் கோபம்தான். மறுநாள் காலையில் படகைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“நல்லாத்தான் ஒட்டியிருக்கு” என்றான். பிறகு அம்மாவிடம், “அப்ப நான் கெளம்புறேம்மா.”

கொழும்புக்குத் திரும்ப ஹட்டன் பஸ்ஸில் ஏறிப் போனான். அன்று நாள் முழுக்கப் படகை நீர்த்தேக்கத்தில் விட்டேன். ஒரு பொட்டுப் பெயின்ட் உரியவில்லை. மரம் எப்போதோ காய்ந்துவிட்டது, அண்ணன் சொன்னதெல்லாம் பொய் என்று வீட்டில் ஆளாளுக்குக் காட்டினேன்.

தைப்பொங்கலுக்கு அவன் கையில் மாவுக்கட்டோடு வந்தான். கடை முதலாளி இரும்புக் குழாயால் அடித்திருக்கிறான். தீபாவளிக்கு முன்பிருந்தே அடித்துக்கொண்டிருந்திருக்கிறான், பாவி. அடித்த கை விளங்குமா என்று இன்றைக்கும் அந்த முதலாளியைச் சபிக்கிறேன். அண்ணன் யாரிடமும் வாய் திறக்கவில்லை. படகு காயும்வரையாவது வீட்டில் இருக்கலாம் என்றுதான் பூசிப் பூசித் தேய்த்திருக்கிறான். காய்ந்துவிட்டது என்று நிரூபித்து அவனை பஸ் ஏற்றியது நான்.