அக்காவுக்கு வரைந்த முகம்

நடந்ததை முதலில் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

1. டர்பன்டைன் வாசம். படம் எழுதிய நாள் முழுக்க அது எங்கள் வீட்டின் ஏலக்காய் வாசத்தையே அமுக்கிவிட்டது.
2. அதற்கு ஏழு ஆண்டுகளுக்கு முன்பே என் அக்கா பேச்சியம்மாள் மலையில் காய்ச்சல் கண்டு இறந்திருந்தாள். அவளுக்கு ஒன்பது வயது, எனக்கு நான்கு. அவளை யாரும் போட்டோ எடுத்திருக்கவில்லை.
3. அம்மா அவளுக்கு ஒரு படம் எழுதச் சொன்னாள்.
4. எழுதுவதற்கு என்னை உட்காரவைத்தார்கள்.
5. பிறகு நான் வளர்ந்தேன்.

எங்கள் வீடு போடியில். அப்பா மலையில் ஓர் ஏலத்தோட்டத்தில் கங்காணி. சனிக்கிழமை ஜீப்பில் இறங்கி, திங்கள் விடியலில் ஏறிவிடுவார். அக்காவுக்குக் காய்ச்சல் கண்ட வாரம் நாங்கள் எல்லோருமே மேலே இருந்தோம், மழையில் ஜீப்பு வரவில்லை. கல்யாணமாகாமல் இறந்த பெண் எங்கள் பக்கத்தில் வீட்டுக்குக் "கன்னி"; ஆண்டுக்கொரு முறை புதுத்துணி வைத்து அவளைக் கும்பிட வேண்டும். வெறும் சுவருக்கு முன்னால் பாவாடையை மடித்துவைப்பது அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. ஜீப்புகளுக்கும் கடைப் பலகைகளுக்கும் பெயர் எழுதுகிற சங்கையா மாமாவை வரச்சொன்னாள்.

அவள் கேட்டது ஒன்பது வயதுப் பிள்ளையை அல்ல. "இருந்திருந்தா இந்தத் தையோட பதினாறு. அப்படிப் போடுங்கண்ணே" என்றாள்.

"நான் பாக்காத புள்ள. அதையும் அது பாக்காத வயசுல போடச் சொல்ற. சரி, மூக்கு எப்படி?"

"கூர் மூக்கு" என்றாள் அம்மா. "சப்ப மூக்கு, எங்க ஆத்தா மூக்கு" என்றார் அப்பா. ஏழே ஆண்டுகளில் அந்த முகம் இரண்டாகிவிட்டிருந்தது. காதுக்கும் நெற்றிக்கும் அதே சண்டை நடந்தது.

"ஒரு மூஞ்சிக்கு ரெண்டு மூக்கு வைக்க முடியாது மாப்ளே" என்று சங்கையா மாமா பிரஷைக் கீழே வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "இந்தச் சின்னவள உக்கார வைங்க. மிச்சத்த நான் பாத்துக்கிறேன்."

பலகைமேல் உட்கார்ந்தேன். "ஆடாத தாயி. ஆடுனா ஒங்க அக்காவுக்குக் கண்ணு கோணிக்கும்" என்றார். அன்று மூச்சுக்கூட அளந்துதான் விட்டேன். அவர் என்னை ஒரு தரம் பார்ப்பார். பிறகு என் தலைக்கு ஒரு சாண் மேலே, ஒன்றுமில்லாத இடத்தை நெடுநேரம் பார்ப்பார். அதற்கப்புறம்தான் பிரஷ் சட்டத்தில் கட்டிய துணியில் படும். அந்த ஒரு சாண் உயரத்தில் யாரோ நிற்பதாகவே எனக்குப் பட்டது, நிமிர்ந்து பார்க்கத் துணிச்சல் வரவில்லை. மஞ்சள் தாவணி, இடப்பக்க வகிடு, நீண்ட கழுத்து, பின்னால் ஏலச்சரிவும் ஓர் அருவியும் வந்தன. "இந்த அருவி எந்தப் பக்கம் இருக்கு?" என்றார் அப்பா. "எங்கனயாவது இருக்கும் மாப்ளே, மல பெருசுல்ல" என்றார் மாமா. அம்மா மட்டும் அருவியைப் பார்க்கவில்லை. "இவதான்" என்று சொல்லி அழுதாள். அன்றே மாலை போட்டாயிற்று.

செத்தவளை வரைவதாக நினைத்துக்கொண்டு, பதினோரு வயதான என்னில் ஐந்து வயதைக் கூட்டி அவர் என்னைத்தான் வரைந்திருந்தார். இது அப்போது யாருக்கும் தெரியாது. பதினைந்தில் கழுத்து நீண்டது. பதினாறில் கன்னம் வற்றி, படத்திலிருந்த எலும்பு வெளியே வந்தது. கன்னிக்குப் படைத்த தாவணியை மறுநாள் நான்தான் கட்ட வேண்டும் என்பதால் துணியும் ஒன்றாகிவிட்டது. அவளைப்போல இருக்கக்கூடாதென்று வகிட்டை வலப்பக்கம் மாற்றினேன். கண்ணாடி இடவலம் மாற்றிக் காட்டுமே, அதில் இன்னும் கச்சிதமாக அவளாகத் தெரிந்தேன்.

பாலிடெக்னிக்கில் கட்டட வரைபடம் படித்தேன். கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே மறைந்திருக்கும் விளிம்பை விட்டுவிட்டு வரும் கோடாகப் போட வேண்டும் என்பது அங்கே ஆரம்பப் பாடம். பார்க்கிற கண்ணுக்கு எது வெளியே இருக்கிறது, எது மறைவில் இருக்கிறது என்று காகிதமே சொல்லிவிடும். சங்கையா மாமாவிடம் அப்படி ஒரு கோடு கிடையாது. கண்டதையும் காணாததையும் ஒரே சாயத்தில், ஒரே அழுத்தத்தில் போட்டார். அப்படிப் போட்டிருக்காவிட்டால் அம்மா அழுதிருக்கமாட்டாள் என்பதும் எனக்குத் தெரியும்.

என் இருபதாவது வயதில் தேவாரத்திலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் அத்தை என்னைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார்.

"ஏத்தா, உசுரோட இருக்குற புள்ளைக்கு எதுக்கு மால போட்டிருக்கீக?"

"அது மூத்தவ. ஒம்பது வயசுல தவறிட்டா" என்றாள் அம்மா.

"ஒம்பது வயசுல போனவ எப்படித்தா தாவணி கட்டுனா?"

காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு, "சொல்லி அனுப்புறோம்" என்று போனவர்கள் சொல்லி அனுப்பவில்லை. ஊரில் பேச்சு பரவி அடுத்த இரண்டு இடமும் வாசலோடு நின்றது. படத்தைக் கழற்றிவிடலாம் என்றார் அப்பா. நான் சங்கையா மாமாவிடம் போய், முகத்தை மட்டும் மாற்றித் தரக் கேட்டேன். "மாத்திரலாம் தாயி. அவ மூஞ்சி எப்படி இருந்துச்சுன்னு ஒங்க ஆத்தாட்டக் கேட்டு வா" என்றார்.

கேட்டேன். அம்மா ஏலக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தாள். "இப்ப எனக்கு வேற மூஞ்சி ஞாவகத்துல இல்ல" என்றாள். எனக்கும் இல்லை. மலையில் நாங்கள் தங்கிய லயத்துப் படியில் எனக்கு முன்னால் ஏறிப்போன இரண்டு குதிகால்கள் மட்டும் நினைவிருக்கின்றன.

அடுத்து, சிலமலை ஊரிலிருந்து பெண் பார்க்க வருவதாகச் சொன்ன காலையில் அம்மாவே முக்காலி போட்டு ஏறினாள். மாலையை எடுத்தாள், ஈரத்துணியால் படக் கண்ணாடியிலிருந்த குங்குமத்தைத் துடைத்தாள். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. வந்தவர்கள், "பொண்ணு படமா? அச்சு அசலா இருக்கே" என்றார்கள்.

"ஆமா, எங்க சின்னவ" என்றாள் அம்மா.

அந்த இடத்திலேயே எனக்குக் கல்யாணம் முடிந்தது. இப்போது மதுரையில் இருக்கிறேன். ஓர் அலுவலகத்தில் வரைபடம் போடுகிறேன். சங்கையா மாமா இல்லை. படம் போடி வீட்டில் அதே ஆணியில்தான் தொங்குகிறது, வருகிறவர்கள் அதை என் படம் என்கிறார்கள். கன்னிக்குத் துணி வைக்கும் நாளில் அம்மா அதற்கு முதுகைக் காட்டி, எதிர்ச்சுவரில் மஞ்சளால் ஒரு வட்டம் போட்டு அதன் முன் பாவாடையை மடித்துவைக்கிறாள். ஒன்பது வயதுப் பிள்ளைக்கான பாவாடை. அக்காவுக்குப் படம் இல்லை.