கலுங்கில் வைத்த பலகை

தனுஷ்கோடி அண்ணனுக்கு வெயிலைக் கண்டால் பயம். ஆவணி பிறந்தும் மலைப்பக்கம் மேகம் கூடாமல் வானம் வெளுத்துக் கிடந்தால் மனுசனுக்குச் சோறு இறங்காது. எங்கள் ஆலடிக் கண்மாய்க்கு அவர்தான் நீர்பாய்ச்சி. மடையைத் திறப்பது, அடைப்பது, இன்னார் வயலுக்கு இன்ன நேரம் தண்ணீர் என்று பிரித்து விடுவது, கரையில் எலி வளை விழுந்தால் மண் வைத்து மிதிப்பது எல்லாம் அவர் பாடு. அறுப்புக்கு அறுப்பு நெல்லாகக் கூலி வாங்கிக்கொள்வார்.

மம்சாபுரம் தாண்டி ஸ்ரீவில்லிபுத்தூர் போகிற வழியில் இருக்கிறது எங்கள் ஊர். கண்மாய்க் கரையை ஒட்டிப் பள்ளத்தில் கீழத்தெரு. என் பலசரக்குக் கடையும் அங்கேதான், நாலு வீடு தள்ளி அவர் வீடும் அங்கேதான். அவருடைய அப்பா ராமேசுவரம் போய்க் கடலாடிவிட்டு வந்த வருசம் பிறந்ததால் அந்தப் பெயர் வைத்தார்களாம். அவரோ கடலைக் கண்ணால் கண்டதில்லை. ராஜபாளையத்தைத் தாண்டிப் போனதே அபூர்வம். அப்படிப்பட்ட மனுசனைக் கடல் இரண்டு தடவை ஆட்டி வைத்தது. அதைத்தான் சொல்ல வருகிறேன்.

முதல் தடவை எண்பத்திரண்டு, எண்பத்துமூன்றில். மழை பொய்த்துப் போய்க் கண்மாய் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. அண்ணன் பெண்சாதி சீனியம்மாள் தோட்டத்துக் கிணற்றுக்குள் இறங்கி, அடியில் ஊறுகிற தண்ணீரைச் செம்பால் மொண்டு குடத்தில் ஊற்றிக்கொண்டு ஏறுவாள். ஒருநாள் பாதிப் படியில் கால் வழுக்கிவிட்டது. நல்ல நீச்சல்காரி அவள். கிணற்றில் தண்ணீர் கிடந்திருந்தால் சிரித்துக்கொண்டே ஏறி வந்திருப்பாள். விழுந்த இடத்தில் பாறைதான் இருந்தது. மகள் அமிர்தவல்லிக்கு அப்போது தலை பின்னிவிட ஆள் வேண்டிய வயசு.

அதிலிருந்துதான் அந்தப் பயம். குடிக்கிற செம்பில் மிச்சம் இருந்தால் அதைக் கொண்டுபோய் முருங்கை மூட்டில் ஊற்றுவார். மகளைக் கீழத்தெருவிலேயே கட்டிக் கொடுத்தார், கண் பார்வையில் இருக்கட்டும் என்று. அவள் வீட்டுப் பின்சுவருக்கும் கண்மாய்க் கரைக்கும் நடுவில் ஒரு சந்துதான் இடைவெளி.

தொண்ணூற்றேழாம் வருசம் அமிர்தவல்லி முழுகாமல் இருந்தாள். அப்போது பார்த்துத்தானா என் வீட்டுக்காரர் வாயைத் திறக்க வேண்டும்? அவர் பெயர் தேவநேசன். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்துகிறவர். வகுப்பில் பிள்ளைகள் கேட்காததை எல்லாம் சாயங்காலம் என் கடையில் வந்து சொல்லித் தீர்ப்பார். அன்றைக்கு ரேடியோவில் எல் நினோ என்று ஏதோ சொல்லிவிட்டார்களாம்.

"பசிபிக்குனு ஒரு பெருங்கடல் இருக்கு தனுஷ்கோடி. அங்க எப்பவும் கிழக்கேருந்து காத்து அடிச்சு, வெயில்ல சூடான மேல் தண்ணிய இந்தோனேசியா பக்கமாத் தள்ளிக்கிட்டே இருக்கும். அங்கிட்டுத் தென்னமெரிக்காக் கரையில அடித்தண்ணி குளுகுளுன்னு மேல வரும். சில வருசம் காத்து ஓஞ்சிரும். சுடுதண்ணி திரும்பி ஓடிரும். மேகமும் அது பொறத்தாலயே போயிரும். நம்ம பக்கம் மழை கொறஞ்சு போகும். எண்பத்திரண்டுல அதான் நடந்துச்சு. இந்த வருசம் அதவிடப் பெருசாம்."

அண்ணன் பீடியைக் கீழே போட்டு மிதித்தார்.

"அப்ப என் பொண்டாட்டி செத்ததும் அந்தத் தண்ணியாலதானா சார்?"

என் வீட்டுக்காரர் வாயை மூடிக்கொண்டார். அன்றைக்கு அவர் செய்த ஒரே நல்ல காரியம் அது. அண்ணனுடைய முகத்தை நான் பார்த்தேன். பட்டப்பகலில் பேயைக் கண்டவர் முகம் அது.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. கண்மாய் நிறைந்து மிச்சத் தண்ணீர் வெளியே போகிற இடம் கலுங்கு. அதன்மேல் கல்தூண்கள் வரிசையாக நிற்கும். மழைக்காலம் முடிந்து, இனி மழை இல்லை என்று தெரிந்த பிறகு, அந்தக் கல்லுக்குக் கல் பலகை செருகி, வைக்கோலும் களிமண்ணும் அப்பி அடைப்பார்கள். கூடுதலாக ஒரு முழம் தண்ணீர் நிற்கும். கோடைக்கு ஆகும். இதை மார்கழி கடைசியில், தையில்தான் செய்வார்கள். மழைக்கு முன்னால் அடைத்தால் மிச்சத் தண்ணீர் போக வழியில்லாமல் கரையை உடைத்துவிடும்.

அந்த வருசம் அண்ணன் புரட்டாசியிலேயே அடைத்தார். பாசனத் தலைவர் முத்துராமலிங்கமும் சரி என்று தலையாட்டினார். அவருக்கும் எண்பத்துமூன்று மறக்கவில்லை, உழவு மாட்டை அடிமாட்டுக்கு ஓட்டிவிட்டவர். வேப்பம்பலகை அறுத்தார்கள். ராஜபாளையம் மில்லில் இருந்து பழைய சாக்கு வாங்கி மண் நிரப்பிப் பலகைக்கு முட்டுக் கொடுத்தார்கள். அண்ணன் களிமண்ணைக் காலாலேயே குழைத்து, விரலால் தடவித் தடவி அடைத்தார். சொட்டுத் தண்ணீர் கசியாது என்று சொல்லிச் சிரித்தார்.

ஐப்பசியில் மழை பிடித்தது. ஊரே சந்தோசப்பட்டது. கண்மாய் நிறைந்து பலகை மட்டுக்கு வந்தபோது, பலகையை எடுத்துவிடலாமா என்று நான்தான் கேட்டேன்.

"எடுக்கவா? இதான் கடைசித் தண்ணி தங்கச்சி. சார் சொன்னாருல்ல. இத விட்டா அடுத்த வருசம் நாக்கை நனைக்கத் தண்ணி இருக்காது" என்றார்.

கடைசித் தண்ணீரா அது? கார்த்திகை பிறந்தும் விடவில்லை. பின்னால் என் வீட்டுக்காரர் எங்கேயோ படித்துவிட்டு வந்து சொன்னார், அந்த வருசம் பசிபிக் மட்டும் இல்லையாம், நம்முடைய இந்துமாக்கடலும் புரண்டு படுத்ததாம். சுமத்ரா பக்கம் தண்ணீர் குளிர்ந்து, ஆப்பிரிக்கா பக்கம் சூடாகி, கீழ்க்காற்று ஈரத்தை வாரிக்கொண்டு நம் தலைக்கு மேலேயே போனதாம். தென்மேற்கு மழையைக் கெடுக்கிற எல் நினோ வடகிழக்கு மழையைப் பெரும்பாலும் கூட்டத்தான் செய்யுமாம். இதை முதலிலேயே படித்திருந்தால் என்ன என்று கேட்டேன்.

அமிர்தவல்லிக்கு அந்த மழையில்தான் ஆண்பிள்ளை பிறந்தது. ஆஸ்பத்திரியில் இருந்து வந்து தீட்டுக்கூடக் கழியவில்லை. ஒருநாள் மத்தியானம் கடைக்குப் பின்னால் விறகு எடுக்கப் போனேன். அமிர்தவல்லி வீட்டுப் பின்சுவருக்கு எதிரே, கரையின் அடிவாரத்தில் இருந்து தண்ணீர் கொப்பளித்துக்கொண்டிருந்தது. அண்ணனைக் கூப்பிட்டேன்.

அவர் குந்தி உட்கார்ந்து உள்ளங்கையில் ஏந்திப் பார்த்தார். "தெளிஞ்சுதான் வருது. தெளிஞ்சு வந்தா வெறும் கசிவு, பயமில்ல" என்றார். ஆனால் எழுந்திருக்கவில்லை. மழை முதுகில் கொட்டக் கொட்ட அங்கேயே இருந்தார். ஏந்துவதும் பார்ப்பதும் கொட்டுவதுமாக இருந்தவர், ஒருதடவை ஏந்தினதைக் கொட்டாமல் அப்படியே என்னிடம் நீட்டினார். அவர் கையில் இருந்தது செந்தண்ணீர். கரை உள்ளுக்குள் கரைய ஆரம்பித்துவிட்டது.

"தங்கச்சி, பிள்ளையத் தூக்கிக்கிட்டு மேட்டுக்குப் போயிரு. தெருவையே கெளப்பு" என்று சொல்லிவிட்டுக் கடப்பாரையை எடுத்துக்கொண்டு கலுங்குக்கு ஓடினார். மகள் வீட்டு வாசல் வழியாகத்தான் ஓடினார். நிற்கவில்லை, உள்ளே எட்டிப் பார்க்கவும் இல்லை. என் வீட்டுக்காரரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னால் ஓடினார்.

அமிர்தவல்லி புருசன் ராஜபாளையம் மில்லு வேலைக்குப் போயிருந்தான். இந்த அமிர்தவல்லி இருக்கிறாளே, அவளை என்ன சொல்ல? "பச்சை உடம்பு அத்தை, வெளிக்காத்து ஆகாது. எங்கப்பா வந்து சொல்லட்டும், வாரேன்" என்று பாயில் சாய்ந்து இருக்கிறாள். பின்சுவரின் அடியில் ஈரம் ஏறுவது அவளுக்குத் தெரியவில்லை, எனக்குத் தெரிந்தது. "ஏட்டி, உங்கப்பா வரமாட்டாரு. அவரு கலுங்க விட்டுட்டு வந்தா நீயும் இருக்கமாட்ட, நானும் இருக்கமாட்டேன். எந்திரி" என்று கத்திப் பிள்ளையைப் பிடுங்கி முந்தானைக்குள் போட்டுக்கொண்டு நடந்தேன். பிள்ளையை எடுத்தால் தாய் வராமல் என்ன செய்வாள், அழுதுகொண்டே பின்னால் வந்தாள். தெருவே வந்தது.

மேட்டில் எங்கள் வேதக்கோயில் வாசலில் ஒண்டி நின்றோம். என் நெஞ்சோடு ஒட்டிக் கிடந்த பிள்ளை அழக்கூட இல்லை, அதுவே எனக்குப் பயமாக இருந்தது. அப்போது கண்மாய்ப் பக்கம் திமுதிமுவென்று ஒரு சத்தம். கரையா, கலுங்கா, எது போனது என்று யாருக்கும் தெரியவில்லை. எல்லோரும் கீழே தெருவையே பார்த்தோம். இப்போது வரும், இப்போது வரும் என்று பார்த்தோம். இயேசுவே என்று ஒரு சொல்லுக்கு மேல் எனக்கு ஜெபம் வரவில்லை. தெருவில் தண்ணீர் ஏறவே இல்லை. போனது கலுங்குதான்.

அங்கே நடந்ததை என் வீட்டுக்காரர் பிறகு சொன்னார். முத்துராமலிங்கம் குடையோடு குறுக்கே நின்றாராம். "ஏலே, இன்னும் ஒரு சாண் தாங்கும். அவசரப்பட்டு எல்லாத் தண்ணியையும் விட்றாத." அண்ணன் அவரை ஒதுக்கிவிட்டு இறங்கினாராம். இடுப்பில் செருகியிருந்த அரிவாளால் சாக்கைக் கிழித்தார். பலகை அசையவில்லை. அவ்வளவு நன்றாக அடைத்திருந்தார், பாவி மனுசன். தண்ணீர் வேறு அதை இறுக்கிக்கொண்டிருந்தது. கடப்பாரையால் இடித்து ஒவ்வொன்றாகப் பெயர்த்தார். "நான்தானய்யா வச்சேன், நான்தானய்யா வச்சேன்" என்று அழுதுகொண்டே இடித்தாராம். கடைசிப் பலகையோடு அவரையும் தண்ணீர் இழுத்துக்கொண்டு போனது. ஓடையில் வேலிக்கருவைப் புதர் ஒன்று தடுத்து நிறுத்தியதால் பிழைத்தார்.

சாயங்காலம் உடம்பெல்லாம் முள் கீறி, ரத்தம் மழையில் கரைய, கோயில் வாசலுக்கு வந்து நின்றார். அமிர்தவல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"வாசலோடதான போனீக. ஒரு வார்த்தை கூப்பிட்டீகளாப்பா?"

"கூப்பிட நின்னிருந்தா காலு நகந்திருக்காது தாயி" என்றார். பிள்ளையைத் தொடவே இல்லை. அதுக்குக் குளிர் அடிக்கிறதா என்று மட்டும் என்னிடம் கேட்டார்.

மறுநாள் கரையின் கொப்பளிப்பு அடங்கிவிட்டது. அண்ணன் ஓடையோடு போய் முள்ளில் சிக்கிக் கிடந்த பலகைகளை எல்லாம் பொறுக்கிக்கொண்டு வந்து தன் வீட்டுக் கூரைக்கு அடியில் அடுக்கினார். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

அடுத்த புரட்டாசியில் வெயில் மண்டையைப் பிளந்தது. முத்துராமலிங்கம் தெருவுக்கே வந்துவிட்டார். அண்ணன் பேரனை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். வானத்தைப் பார்க்கும்போது அவர் முகத்தில் பழைய பயம் அப்படியேதான் இருந்தது.

"மழையக் காணமேப்பா. கலுங்க அடச்சிருவோமா? போன வருசப் பலகை உங்கிட்டதான இருக்கு?"

"இல்லீங்கய்யா" என்றார் அண்ணன். "பிள்ளையக் குளிப்பாட்டத் தெனமும் வெந்நீர் வேணும்ல. அம்புட்டுப் பலகையையும் அடுப்புல வச்சு எரிச்சிட்டேன்."