பாதி முடிந்திருந்த பிலிம் ரோல்

இராணுவ முகாம் வாசலை விட்டு நாங்கள் நடந்துகொண்டிருந்தோம். சைக்கிள் இருந்தது. நான்தான் அதை உருட்டிக்கொண்டு வந்தேன். ஏறுங்கோ என்று இரண்டு தடவை சொல்லியும் அக்கா ஏறவில்லை. காவலரணில் நின்றவன் எங்களையே பார்த்துக்கொண்டு நிற்கிறான் என்பது திரும்பிப் பார்க்காமலே தெரிந்தது.

"கெதியா நடவாதை," என்றார் அக்கா. "சந்தைக்குப் போற மாதிரி நட."

"என்ன நடந்தது?"

"கமராவில பிலிம் இல்லை."

"அதுக்கு?"

"வளைவு தாண்டட்டும். சொல்லுறன்."

அக்கா எங்களை விட்டுப் பிரிந்த முப்பத்தோராம் நாளில் உங்கள் கைக்கு வரும் இந்த நினைவு மலரில், அவருடைய வாழ்க்கையை அந்த வீதியில் இருந்துதான் தொடங்குகிறேன். வேறு இடத்தில் தொடங்க எனக்குத் தெரியவில்லை. ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் எழுதுவது. பிழை இருந்தால் உறவுகள் பொறுத்துக்கொள்ளவேண்டும். செத்தவீட்டுக்கு ஹற்றனில் இருந்து வந்த ஒரு கணவனும் மனைவியும் எட்டாம் நாள் சடங்கு முடியும்வரை எங்கள் குசினியிலேயே நின்று சமையல் வேலை செய்ததைக் கண்டிருப்பீர்கள். அவர்கள் எங்களுக்கு என்ன முறை என்று பலர் என்னிடம் கேட்டீர்கள். அப்போது நான் மழுப்பிவிட்டேன். இந்தக் கட்டுரைதான் அதற்குப் பதில்.

அக்கா பூநகரியில் பிறந்தார். அப்பா களப்பில் இறால் பிடித்தார். எங்கள் ஐந்து பேரில் அக்கா மூத்தவர், நான் கடைசி. அம்மா வருத்தமாய்க் கிடந்த வருடங்களில் எனக்குச் சோறு தீத்தியது அவர்தான். வவுனியாவில் ஸ்ரூடியோ வைத்திருந்த அத்தானைக் கலியாணம் செய்து போனபோது, பஸ்ஸுக்குக் காத்திருந்தே முதல் நாள் முடிந்துபோனது என்று சிரித்துச் சொல்லுவார். கடையின் முன்பகுதியில் நீர்வீழ்ச்சியும் இரண்டு அன்னங்களும் தீட்டிய திரை. பின்பகுதியில் படம் கழுவும் இருட்டறை. பிள்ளைகள் இல்லை. அத்தானுக்குச் சலரோகம், சீனி வருத்தம். தொண்ணூறில் சண்டை தொடங்கி ஊர் வெறுமையானபோது மருந்து கிடைக்கவில்லை. காலில் வந்த புண் மாறாமல் அடுத்த வருடம் காலமானார்.

எட்டுச் செலவு முடிந்த கையோடு அக்கா கடையைத் திறந்தார். பொம்பிளை படம் எடுக்கிறதோ என்று கதைத்தவர்கள் உண்டு. தங்கள் பிள்ளைகளின் சாமத்தியச் சடங்குப் படத்துக்கு அவரைத் தேடி வந்தவர்களும் அவர்கள்தான். அந்த வருடங்களில் கடைக்கு வந்தவை இராணுவத்தின் பயண அனுமதிக்கான பாஸ் படம், கலியாணப் படம், பிரியப்போகிற குடும்பங்களின் படம். மூன்றாவதற்குத்தான் ஆட்கள் கூட. ஒருவர் வெளிநாட்டுக்கு, ஒருவர் மலைநாட்டுக்கு, ஒருவர் காட்டுப் பக்கம் என்று பிரியுமுன் எல்லோரும் ஒருமுறை அந்த அன்னங்களுக்கு முன்னால் வந்து நிற்பார்கள்.

இராணுவ முகாமில் இருந்தும் அழைப்பு வரும். சேவை முடிந்து இளைப்பாறும் ஆட்களுக்கு அங்கே பிரியாவிடை வைப்பார்கள். விளக்கேற்றி, நினைவுச்சின்னம் கொடுத்து, ஆளை ஜீப்பில் இருத்தி, ஜீப்புக்குக் கயிறு கட்டி, கூட வேலை செய்தவர்கள் வாசல்வரை இழுத்து வருவார்கள். தெற்கில் இருந்து மனைவி பிள்ளைகள் வந்திருப்பார்கள். கடைசியாகக் குடும்பப் படம். முதல் தடவை ட்ரக் வந்து கடை முன்னால் நின்றபோது அக்காவின் கையில் இருந்த தேத்தண்ணீர் சீலையில் ஊற்றுண்டதாம். மறுக்க வழியில்லை. போனால் இந்தப் பக்கத்தில் கதைப்பார்கள். போகாவிட்டால் அந்தப் பக்கத்தில் கேட்பார்கள்.

"துவக்கைக் குடுத்திட்டு வீட்ட போற மனுசனைத்தானே எடுக்கிறன்," என்பார். ஆனாலும் ஒவ்வொரு தடவையும் போகுமுன் வாசலில் நின்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் போவார்.

நான் அப்போது ஓரிடத்தில் நிற்காதவன். ஒட்டுசுட்டானில் மரம் ஏற்றினேன், யானை வரும் வயல்களில் காவல் கிடந்தேன், முரசுமோட்டையில் அரிசி ஆலையில் மூட்டை தூக்கினேன். கிளிநொச்சி இடம்பெயர்ந்த பிறகு மரத்தடிகளிலும் அகதி முகாம்களிலும் கிடந்து, தொண்ணூற்றெட்டில் ஒருமாதிரி வவுனியாவுக்கு வந்து சேர்ந்தேன். அங்கும் கால் தரிக்கவில்லை. மன்னாரில் உப்பளத்து வேலை இருக்கிறது என்று ஒருவன் சொன்னான். அடுத்த நாள் காலை லொறி. அக்காவிடம் சொல்லிவிட்டுப் போகத்தான் அன்று வந்தேன். கமராப் பெட்டியைச் சைக்கிளில் கட்டி முகாம் வாசல்வரை கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வெளியே காத்திருந்தேன். உள்ளே போக எனக்குத் தைரியம் இருக்கவில்லை.

வளைவு தாண்டியதும் அக்கா ஒரு மருதமரத்தடியில் நின்றார்.

"காலமை எடுத்த படம் அந்த ரோலிலதான் கிடந்தது," என்றார்.

காலையில் எடுத்த படம் எதுவென்று எனக்குத் தெரியும். மலைநாட்டில் இருந்து எழுபத்தேழு கலவரத்தில் அடிபட்டு வந்து முரசுமோட்டையில் வயல் செய்த குடும்பம் அது. மனைவியும் இரண்டு பிள்ளைகளும் வவுனியா அகதி முகாமில் இருந்தார்கள். ஹற்றனில் உள்ள தமக்கையிடம் போக அவர்களுக்குப் பாஸ் கிடைத்துவிட்டது. கணவர் இராணுவ எல்லைக்கு அப்பால், மறுகரையில், நடக்கமாட்டாத தாயோடு. பிள்ளைகளை ஒருமுறை பார்க்கவென்று பாஸ் இல்லாமல் காட்டுப் பாதையால் வந்திருந்தார். நால்வரும் ஒன்றாக ஒரு படம் வேண்டும் என்றார்கள். விடியவே அக்கா எடுத்துக் கொடுத்தார். மனைவி பிள்ளைகளோடு அகதி முகாமுக்குத் திரும்பினார். அந்த மனிதர் பொழுதுபடும்வரை இருட்டறையில் இருப்பதாக ஏற்பாடு. சிறிது நேரத்தில் ட்ரக் வந்து ஒரு சார்ஜனின் பிரியாவிடைக்குக் கூப்பிட்டது. அக்கா அவரை உள்ளே வைத்தே கடையைப் பூட்டிக்கொண்டு புறப்பட்டார்.

பிலிம் தட்டுப்பாடான காலம். ஒரு ரோல் முடியாமல் அதை யாரும் கழற்றுவதில்லை. எந்த ஸ்ரூடியோவிலும் அதுதான் வழக்கம். ஒரே ரோலில் பாதி கலியாணமாகவும் பாதி பாஸ் படமாகவும் இருக்கும். கழுவி, வெட்டி, அவரவருக்கு உரியதைக் கொடுப்பார்கள். முகாம் படங்களையும் அக்கா அப்படித்தான் கடையில் கழுவிக் கொடுத்துவந்தார். அதனால் அந்தக் காலையிலும் அவருக்கு எதுவும் தோன்றவில்லை.

"எல்லாம் முடிஞ்சு வெளிக்கிடேக்கை முகாமுக்குப் பொறுப்பான அந்தப் பெரியவர் சொல்லுறார், 'பிலிம் இங்க தாங்க. சார்ஜன் குடும்பம் நாளைக்கு ஊருக்குப் போறது. அனுராதபுரத்தில படம் அடிக்கிறது' எண்டு."

"பிறகு?"

"சுத்தினன். இறுகுது சேர் எண்டன். அது இறுகேல்லை. மூடியைத் திறந்தன்."

"வெயிலுக்கையோ?"

"வெயிலுக்கைதான். திறந்தா மட்டும் போதாது தம்பி. காலமை எடுத்தது உள்சுத்தில கிடக்கு. வெளிச்சம் மேல்சுத்தைத்தான் எரிக்கும். அதால முழுக்க இழுத்தன். இழுத்து, பாம்புச் செட்டை மாதிரி மேசையில போட்டன்."

"அவர் என்ன சொன்னவர்?"

"ஒண்டும் சொல்லேல்லை. அதுதான் பயமாக் கிடக்கு. சார்ஜன்ர மனுசி முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதா. இத்தனை வருசம் அவருக்காகக் காத்திருந்தவா." அக்கா சீலைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்தார். "நாளைக்குக் காலமை வரட்டாம். எல்லாத்தையும் திரும்பச் செய்வினமாம். புது ரோலைத் தங்கட முன்னால பிரிக்கவேணுமாம்."

"பழுதான ரோல் எங்கை?"

"வைச்சிட்டுப் போகச் சொல்லிப்போட்டினம்."

"எல்லாம் எரிஞ்சிருக்கும்தானே?"

"இழுத்தது தெரியும். கடைசித் துண்டு உருளையில ஒட்டிக்கொண்டு கிடந்துதோ எண்டு தெரியேல்லை. அவையள் கழுவிப் பாத்தால், அந்த ரெண்டு அன்னமும் போதும். வவுனியாவில உந்தத் திரை ஆற்ற கடையில கிடக்கெண்டு ஆருக்குத் தெரியாது?"

பின்னால் ஏதாவது வாகனச் சத்தம் கேட்டால் அக்காவின் கை சைக்கிள் கைப்பிடியைப் பற்றும். அது போனபின் விடும்.

கடைக்கு வந்து கதவைத் திறந்தபோது இருட்டறைக்குள் சத்தமே இல்லை. அந்த மனிதர் மூலையில் குந்தியிருந்தார். தண்ணீர் வைத்திருந்தும் குடிக்கவில்லை. செம்பு இடறிச் சத்தம் வந்துவிடும் என்ற பயம்.

"படம் வந்துருச்சாக்கா?" என்று கேட்டார்.

"இல்லையப்பு. ரோல் பழுதாப் போச்சு." எப்படிப் பழுதானது என்று அக்கா ஒளிக்காமல் சொன்னார்.

"இருட்டுறதுக்கு இன்னும் நேரம் இருக்கே. புள்ளைங்களக் கூட்டியாரச் சொல்லட்டுமா? இன்னொண்ணு எடுத்துருவோம்."

"ரோல் இல்லை."

கண்ணாடி அலுமாரியில் ஒரு பிலிம் பெட்டி இருந்தது. அவரும் அதைப் பார்த்தார், நாங்களும் பார்த்தோம்.

"அது ஒண்டுதான் கிடக்கு. நாளைக்கு அவையளுக்கு முன்னால உடைக்கவேணும். நான் அதைத் தொட்டால் உங்கட தலையையும் சேத்துத்தான் விலையாக் குடுக்கவேண்டி வரும்."

"வேணாங்கக்கா. அவங்களுக்கே எடுங்க. புள்ளைங்க மூஞ்ச காலைல நல்லா பாத்துட்டேன்."

பொழுதுபட அவர் பின்வேலியால் போனார். போகுமுன் அக்கா அவருடைய சட்டைப் பையில் ஒரு துண்டுப் பனங்கட்டியைத் திணித்தார். அவருடைய காலடிச் சத்தம் நின்ற பிறகும் நாங்கள் வேலியையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

அவர் உயிரோடு போய்ச் சேர்ந்தார். போர் நிறுத்தத்தில் பாதை திறந்த பிறகு ஹற்றனுக்கும் போனார். செத்தவீட்டில் நீங்கள் கண்ட தம்பதியர் அவர்கள்தான். அந்த இராணுவ முகாம் இருந்த இடத்தில் இப்போது மாடு மேய்கிறது. அதனால்தான் இதை எழுத முடிகிறது.

அக்கா பிறகும் பல வருடம் படம் எடுத்தார். கண்ணில் வெள்ளை படர்ந்த பிறகும் ஆட்களைக் குரலை வைத்தே நிறுத்துவார். கடைசி மாதங்களில் சிறுநீரகம் பழுதாகி ஆஸ்பத்திரியும் வீடுமாகக் கழிந்தது. வலியைப் பற்றிக் கதைக்கமாட்டார். வாசலில் கனமான வாகனம் நின்றால் மட்டும், "ஆரெண்டு பார்," என்பார். அந்தக் கேள்வி அவரை விட்டுக் கடைசிவரை போகவில்லை.

இரவும் பகலும் வந்து ஊசி போட்ட மருத்துவத் தாதிக்கும், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக நேரம் காலம் பாராமல் ஓட்டோ எடுத்த முன்வீட்டுப் பிள்ளைக்கும், பூநகரியில் இருந்தும் ஒட்டுசுட்டானில் இருந்தும் பஸ் மாறி மாறி வந்து எங்களோடு இருந்த உறவுகளுக்கும், கிரியைகளைச் செய்த ஐயாவுக்கும், குசினியைத் தாங்கிய ஹற்றன் குடும்பத்துக்கும் எங்கள் வீட்டார் எல்லோரும் கடமைப்பட்டவர்கள். உங்கள் வீட்டு அலுமாரியில் அக்கா எடுத்த படம் ஒன்றாவது இருக்கும். அதன் பின்பக்கத்தில் அவருடைய கடை முத்திரை இருக்கும். அதை ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

இனி, தொடங்கிய வழியை முடிக்கவேண்டும்.

அன்றிரவு நாங்கள் நித்திரை கொள்ளவில்லை. விடிய, லொறி சந்தியில் நின்று ஹோர்ன் அடித்தது.

"உன்ர லொறியடா," என்றார் அக்கா. அவர் சீலை கட்டித் தலை வாரியிருந்தார். அலுமாரியில் இருந்த பெட்டியை எடுத்துப் பையில் வைத்தார். "போறதெண்டால் போ. நீ ரெண்டு கிழமை ஒரு இடத்தில நிண்டதை நான் காணேல்லை."

லொறி இன்னொரு தடவை அடித்துவிட்டுப் போனது. நான் சைக்கிளை வெளியே எடுத்தேன். அக்கா பின் கரியரில் ஏறி இருந்தார்.

முகாம் வாசலில் என்னைத் தடவிப் பார்த்து உள்ளே விட்டார்கள். முற்றத்தில் ஜீப் நின்றது. புதுக் கயிறு கட்டியிருந்தார்கள். சார்ஜன் சீருடையை முதல் நாளே ஒப்படைத்துவிட்டபடியால் யாருடையதோ சீருடைச் சேட்டைப் போட்டிருந்தார். தோள் இரண்டும் தொங்கின. இழுக்க நின்றவர்கள் அதைப் பார்த்துச் சிங்களத்தில் பகிடி பண்ண, அவரும் சிரித்தார். அந்தப் பெரியவர் சிரிக்கவில்லை. அக்காவின் கையில் இருந்த பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் மேசையைப் பார்த்தேன். பழுதான ரோல் அங்கே இல்லை.

அக்கா அதற்கு முன்பே கண்டுவிட்டார். சார்ஜனின் சின்ன மகள் அந்தப் பிலிமை முழு நீளத்துக்கும் மண்ணில் இழுத்துக்கொண்டு, காலை வெயிலில் ஜீப்பைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தாள். ஒரு நுனியை மணிக்கட்டில் கட்டியிருந்தாள். மறுநுனியில் வெறும் உருளை துள்ளித் துள்ளி வந்தது.

அக்கா பெட்டியைப் பெரியவரின் முன்னால் உடைத்து, ரோலைப் போட்டு, மூடியை மூடினார். பிறகு சார்ஜனின் மனைவியைப் பார்த்து, சேலை மடிப்பைச் சரிசெய்யும்படி கையால் காட்டினார். வெயில் ஒரு பக்கமாக விழுந்ததால் மற்றப் பக்கத்து முகங்கள் இருண்டு கிடந்தன. வழக்கமாக அக்கா இரண்டு கதிரைகளில் ஒரு வெள்ளைத் துணியைக் கட்டி அதில் வெயிலைத் தட்டி முகத்தில் விழுத்துவார். அன்று காற்று. கதிரை நிற்கவில்லை.

துணியை என் கையில் தந்து, துவக்கோடு நின்றவர்களுக்கும் அந்தக் குடும்பத்துக்கும் இடையில் ஒரு இடத்தை அக்கா எனக்குக் காட்டினார்.

"இதிலை நில். கை நடுங்கினால் அவையின்ர முகத்திலை வெளிச்சமும் நடுங்கும்."

அந்த வெள்ளைத் துணியை ஆடாமல் பிடிப்பதுதான் அன்று காலை நான் ஏற்றுக்கொண்ட வேலை.