என் மகளுக்கு இன்னொரு அப்பா

திருவண்ணாமலையில் பிறந்து வளர்ந்தவனுக்குச் சாமியார்கள் மேல் பக்தியும் கிடையாது, கோபமும் கிடையாது. அவர்களுக்கு வீடு வாடகைக்கு விடுவோம், ஆட்டோ ஓட்டுவோம், இட்லி விற்போம். அவர்கள் காலில் விழுவதற்கென்று வெளியூர்க்காரர்கள் வருவார்கள். உள்ளூர்க்காரன் விழமாட்டான், ஒருமுறை அம்மை கண்டவனுக்கு மறுபடி அம்மை வராது என்பது போல இதை நாங்கள் நம்பிக்கொண்டிருக்கிறோம். நானும் நம்பினேன். வருவாய்த்துறையில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து, தாசில்தாராக ஓய்வு பெற்று, கலெக்டர் ஆபீசுக்குப் பக்கத்திலேயே வேங்கிக்காலில் வீடு கட்டிக் குடியேறினேன். என் மகள் விழுந்தாள்.

அவளுக்கு அப்போது முப்பது கடந்திருந்தது. பொறியியல் படித்தவள். பெங்களூர் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை பார்த்தாள். கல்யாணம் இரண்டு வருஷத்தில் முறிந்து எங்களிடம் திரும்பி வந்திருந்தாள். இப்படிப்பட்ட இடங்களில் போய்ச் சேர்கிறவர்கள் புத்தி மட்டானவர்கள் என்று நினைத்துக்கொள்வது மற்றவர்களுக்கு வசதி. என் மகள் என்னைவிடக் கெட்டிக்காரி. அவளுக்கு இருந்த ஒரே தொல்லை, வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் கேள்வி கேட்டதுதான். அவள் சித்தி "அடுத்து எப்போ?" என்றாள். பக்கத்து வீட்டுக்காரர் "மாப்ள சைடுல என்னதான் பிரச்சன?" என்றார். நான் ஓய்வு பெற்ற அதிகாரி. வரிசையாக, ஒன்று விடாமல் கேட்டேன்.

யோகா வகுப்பில் பழக்கமான ஒரு பெண் அவளை அடி அண்ணாமலைக்குக் கூட்டிப்போனாள். கிரிவலப் பாதையிலிருந்து சற்று உள்ளே தள்ளி, வேர்க்கடலை போட்டிருந்த நிலத்தில் நாலைந்து கொட்டகைகள். நடத்துகிறவருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். தாடி இல்லை, காவி இல்லை. வெள்ளை வேட்டி, வெள்ளை டீ ஷர்ட். முன்பு சென்னையில் ஒரு கம்பெனிக்கு ஆள் எடுப்பதும் ஆளை வேலையைவிட்டு அனுப்புவதும் அவர் வேலையாக இருந்ததாம். அந்த அனுபவம் வீண் போகவில்லை.

முதல் நாள் போய் வந்தவளிடம், "என்ன பண்ணாங்க அங்க?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் பண்ணலப்பா. சாப்ட்டியாம்மானு கேட்டாங்க. அதுக்கு மேல யாரும் எதுவும் கேக்கல. நல்லா இருந்துச்சு."

ஒருவர் ஏன் இப்படிப்பட்ட இடத்தில் போய்ச் சேர்கிறார் என்பதற்கு இதைவிடச் சுருக்கமான விளக்கத்தை நான் இதுவரை கேட்டதில்லை. அன்று எனக்கு அது காதில் ஏறவில்லை.

சில வாரங்களில் அவளுடைய வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஒரு படம் வந்தது. பத்துப் பேர் தரையில் உட்கார்ந்திருக்க, நடுவில் என் மகள் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருக்கிறாள். அந்தச் சிரிப்புக்காக நான் அவள் அறைக்கு ஏ.சி. மாட்டியிருந்தேன். காஞ்சிபுரம் கூட்டிப்போய்ப் புடவை எடுத்துக் கொடுத்தேன். பொங்கலுக்குக் கூட வரவில்லை அந்தச் சிரிப்பு. யாரோ ஒருவன் டீ ஷர்ட்டைப் போட்டுக்கொண்டு எதையோ சொல்லி வரவைத்துவிட்டான். படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். எனக்குக் கவலை வந்திருக்க வேண்டும். வந்தது பொறாமை.

அங்கே அவரை எல்லாரும் அப்பா என்று கூப்பிடுகிறார்கள் என்பது ஒரு நாள் சாப்பாட்டின்போது தெரிந்தது. ராத்திரியில் தயிர் வேண்டாம் என்று அப்பா சொன்னதாக அவள் சொல்ல, நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"நீங்க இல்லப்பா. அங்க இருக்கற அப்பா."

என் மனைவி கீழ்பென்னாத்தூர்க்காரி, வாய் சும்மா இருக்காது. தயிர்க் கிண்ணத்தை என் பக்கம் தள்ளிக்கொண்டே, "ரெண்டு அப்பாவா? எனக்குத் தெரியாம இது எப்படி நடந்துச்சு?" என்றாள்.

மகள்கூடச் சிரித்துவிட்டாள். நான் சிரிக்கவில்லை.

பிறகுதான் உள்வாசம் என்ற சொல் வீட்டுக்குள் வந்தது. ஒவ்வொரு பௌர்ணமிக்கும் ஒரு சிலரை அவர் தேர்ந்தெடுப்பார். அவர்கள் வேலையை விட்டுவிட்டு, போனை ஒப்படைத்துவிட்டு, அங்கேயே போய்த் தங்க வேண்டும். பெற்றவர்கள் அதன் பிறகு உடல்வழி உறவு. உடல்வழி உறவோடு பேச்சு வார்த்தை வேண்டாம் என்பது விதி. அடுத்த பௌர்ணமிக்கு என் மகளைத் தேர்ந்தெடுத்திருந்தார். அதைச் சொன்னபோது அவள் முகம், பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணைச் சொன்ன நாளில் இருந்தது போல இருந்தது. அவள் உள்ளே போய்விட்டால் திரும்பி வருவாளா என்ற ஒன்றைத் தவிர எனக்கு வேறு நினைப்பில்லை.

எனக்குத் தெரிந்ததை நான் செய்தேன். காவல் நிலையத்தில் மரியாதையாக உட்கார வைத்து, "மேஜர்தானே சார்? அவங்களா இஷ்டப்பட்டுதானே போறாங்க?" என்று கேட்டார்கள். ஆட்கொணர்வு மனு போடலாமா என்று வக்கீலிடம் கேட்டேன். "போடலாம் சார். பொண்ணு கோர்ட்டுக்கு வந்து சொந்த விருப்பம்னு சொல்லும். அப்புறம் உங்க மூஞ்சில முழிக்காது" என்றார். இரண்டு பதிலும் சரியானவை. நானாக இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

மகளைப் பற்றி மனுப்போட வழியில்லை என்றால் நிலத்தைப் பற்றிப் போடலாம். கிராம வரைபடத்தை எடுத்துப் பார்த்ததில், அவர்களுடைய சமையல் கொட்டகையின் ஒரு மூலை ஓடைப் புறம்போக்கில் இருந்தது. திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில், முதியோர் உதவித்தொகைக்கு வந்தவர்களோடு வரிசையில் நின்றேன். ஒரு காலத்தில் என்னிடம் வேலை கற்றுக்கொண்டவர் பார்த்துவிட்டு ஓடிவந்தார். "சார், நீங்க போயி லைன்ல நிக்கலாமா? குடுங்க, நான் பாத்துக்கறேன்." நான் கொடுக்கவில்லை. முறை என்றால் முறை.

எதிர்மனுதாரருக்கு நகல் கொடுக்காமல் விசாரணை நடத்தக்கூடாது என்று பணிக்காலம் முழுவதும் பிடிவாதம் பிடித்தவன் நான். என் மனுவோடு எதிர்தரப்புக்கான நகலையும் நானே கையெழுத்திட்டு இணைத்திருந்தேன். அது உரிய காலத்தில், ஒழுங்காக, அவருக்குப் போய்ச் சேர்ந்தது.

அன்று சாயங்காலக் கூட்டத்தில் அவர் அதை எல்லாருக்கும் படித்துக் காட்டினாராம். என் மகள் வீட்டுக்கு வந்து சொன்னாள்.

"உங்களத் திட்டுவாருனு நெனச்சேன். திட்டலப்பா. 'உங்க அப்பாவுக்கு உன்மேல எவ்ளோ பாசம் பாரு, இவ்ளோ கஷ்டப்பட்டு எழுதியிருக்காரு'னாரு. எனக்கு அங்கயே செத்துப் போயிடலாம் போல இருந்துச்சு."

"கொட்டாய் பொறம்போக்குல இருக்கறது உண்மைதானே?"

"அதை இடிச்சுட்டாங்க. இன்னிக்கே. அவரே நின்னு பிரிச்சாரு."

என்னைப் பத்து வருஷம் பயிற்சிக்கு அனுப்பினாலும் எனக்கு இந்த வித்தை வந்திருக்காது. நெருங்கின உறவுதான் முதலில் எதிர்க்கும் என்று அவர் முன்பே அவளிடம் சொல்லி வைத்திருந்தார். நான் என் கையெழுத்தோடு அதை நிரூபித்துக் கொடுத்துவிட்டேன். அவள் பௌர்ணமி வரை காத்திருக்கவில்லை. மறுநாள் காலையிலேயே ஒரு பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

நான் அடுத்த மனுவைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தபோது என் மனைவி வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"ஏங்க, மனுவெல்லாம் மூட்ட கட்டி வைங்க. அங்க ஞாயித்துக்கெழம சேவைக்கு ஆள் வேணும்னு போர்டு வெச்சிருக்காங்க இல்ல? போயி காய் நறுக்குங்க."

"நானா? அவன் எடத்துலயா?"

"எனக்கு முட்டி வலி, கீழ ஒக்கார முடியல. இல்லனா நானே போவேன். போங்க. அவரப் பத்தி நல்லதும் பேசாதீங்க, கெட்டதும் பேசாதீங்க. வீட்டுக்கு வாடினு கூப்பிடாதீங்க. நான் சொல்லி அனுப்பறத மட்டும் சொல்லிட்டு வாங்க."

அவள் சொல்லி அனுப்பியதெல்லாம் வம்பு. மாடி வீட்டுக்காரம்மாவும் தண்ணீர் லாரிக்காரனும் போட்ட சண்டை. சித்தி பையன் ஐந்தாவது பெண்ணையும் வேண்டாம் என்றது. தெரு நாய் எங்கள் கார் அடியில் குட்டி போட்டது. பிள்ளைகளை இப்படிப் பறிகொடுத்தவர்கள் இப்போது என்னிடம் வந்து யாருக்கு மனுப்போடலாம் என்று கேட்கிறார்கள். வம்பு கொண்டுபோங்கள் என்கிறேன். வாதம் செய்தால் எதிர்வாதம் அங்கே தயாராக இருக்கும். தண்ணீர் லாரிக்காரனுக்கு அவர்களிடம் பதில் கிடையாது.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்கூட்டரில் போய், புதிதாகப் போட்ட கொட்டகையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்தேன். என் மகள் சமையலை மேற்பார்வை பார்த்தாள். எல்லாரையும் போல என்னையும் "ஐயா" என்றாள். நான் பக்கத்தில் இருந்தவரிடம் சொல்வது போலச் சத்தமாக வம்பை அவிழ்த்துவிடுவேன். அவள் அடுப்பைப் பார்த்தபடி நிற்பாள். நாய்க்குட்டி விஷயத்தன்று மட்டும் கரண்டி கொஞ்சம் நின்றது.

ஒரு நாள் அவர் என்னிடமே வந்தார். எதிரில் குந்தி உட்கார்ந்து நாலு வெங்காயம் உரித்தார்.

"ஐயா, அந்த மனுவ நீங்களேதான் எழுதுனீங்களா? பாரா பாராவா பிரிச்சு, சட்டப் பிரிவெல்லாம் சரியா போட்டு... இப்டி எழுதறவங்க இப்ப யாருங்க ஐயா இருக்காங்க?"

நான் அடுத்த வெங்காயத்தை எடுத்தேன். ஆனால் திரும்பி வரும்போது ஸ்கூட்டர் இலேசாக ஓடியது. என் வரைவுகளில் திருத்தம் போட்ட மேலதிகாரிகள் உண்டு, பாராட்டியவர் ஒருவரும் இல்லை. அடுத்த ஞாயிறு நான் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போனேன் என்பதை என் மனைவி கவனித்தாள்.

அந்த ஞாயிறு அவர் என்னைத் தாண்டிப் போய், ஓய்வு பெற்ற பேங்க் மேனேஜர் ஒருவரிடம் உட்கார்ந்தார். "கத்திரிக்காய இவ்ளோ அழகா நறுக்கறவங்கள நான் பாத்ததில்ல" என்றார். மேனேஜர் முகம் மலர்ந்தது. அந்தக் கத்திரிக்காயை நானும் பார்த்தேன். ஒன்று பெரிது, ஒன்று சிறிது. எனக்கு எரிந்தது. எந்த ஆளை நான் ஒழிக்க நினைத்தேனோ அந்த ஆள் என்னைக் கவனிக்கவில்லை என்று எரிந்தது. உரித்துக்கொண்டிருந்த வெங்காயத்தைக் கீழே வைத்துவிட்டேன். இதுதான் இவருடைய நடைமுறை என்று அப்போதுதான் விளங்கியது. முதலில் நிழல் கொடுப்பார், பிறகு நகர்ந்துகொள்வார். அந்த நிழலுக்காக ஒருவன் எதையும் விடுவான், வேலை, வீடு, பெற்றவர்கள் எல்லாவற்றையும்.

அதன் பிறகு என் மகள் முகத்தை வேறு கண்ணோடு பார்க்க ஆரம்பித்தேன். ஹைதராபாத்திலிருந்து புதிதாக ஒரு பெண் வந்திருந்தாள். அவர் சாப்பிடும்போது பக்கத்தில் நின்று பரிமாறுவது அதுவரை என் மகளுடைய இடம். ஒரு ஞாயிறு அங்கே அந்தப் பெண் நின்றாள். என் மகளுக்கு அகந்தை கூடிவிட்டதாம். காய் நறுக்க அனுப்பப்பட்டாள். எனக்கு எதிரில் வந்து உட்கார்ந்தாள். கத்தி கையில் இருக்க, கண் மட்டும் சாப்பாட்டுக் கொட்டகையிலேயே இருந்தது. அந்தப் பார்வையை எனக்குத் தெரியும். வாட்ஸ்அப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது என் முகத்தில் அதுதான் இருந்திருக்கும்.

பார்த்தாயா என்று கேட்க நாக்கு துடித்தது. மனைவியின் உத்தரவு நினைவுக்கு வந்தது. வெண்டைக்காயைக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தேன்.

கூடையில் பாதி காலியானபோது, அவள் தலை நிமிராமலே, "அந்த மாடி வீட்டம்மா அப்புறம் லாரிக்காரன என்ன பண்ணாங்க?" என்றாள்.

சொன்னேன். கொஞ்சம் கூட்டியே சொன்னேன்.

அவளை நான் போய் அழைத்து வருவதாக ஒரு காட்சியை மனதில் பல தடவை நடத்திப் பார்த்திருந்தேன். அதில் எனக்கு நல்ல வசனங்கள் இருந்தன. ஆனால் ஒரு புதன்கிழமை, ஓய்வூதியர் நேர்காணலுக்காக நான் கருவூலத்தில் உட்கார்ந்து உயிரோடிருப்பதை நிரூபித்துக்கொண்டிருந்தபோது, அவள் தானாக வீட்டுக்கு வந்துவிட்டாள். நான் உள்ளே நுழைந்தபோது அம்மாவின் மடியில் தலை வைத்துப் படுத்திருந்தாள். அழுத முகம். எதையோ சொல்லிக்கொண்டிருந்தவள் என்னைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள்.

"கொஞ்சம் வெளிய இருங்க" என்றாள் என் மனைவி.

இத்தனை ஞாயிறு போய் வெங்காயம் உரித்தவன் நான். ஆனாலும் வெளியே போய் நின்றேன். உள்ளே அவள் என்ன சொன்னாள் என்று மனைவியிடம் பிற்பாடு கேட்டேன். "அது எங்களோட" என்றாள். எங்களோடவில் நான் இல்லை.

இன்றும் சில நாள் அவள் கதவைச் சாத்திக்கொண்டு பேசாமல் இருக்கிறாள். அந்த இடத்தின் சொற்கள் வாயில் வருகின்றன. நாங்கள் திருத்துவதில்லை, விசாரிப்பதும் இல்லை. சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்கிறோம். அந்த ஒரு கேள்வியை அவரிடமிருந்து எடுத்துக்கொண்டோம்.

அவள் வந்து ஒரு வாரம் இருக்கும். பால் வாங்கப் போன இடத்தில், கிரிவலப் பாதையில் ஷேர் ஆட்டோ ஓட்டும் பாய் என்னைப் பார்த்துவிட்டு, "பாப்பா நல்லா இருக்குதா சார்? அன்னிக்கி நான்தான் கொண்டாந்து வுட்டேன்" என்றார்.

"ஏதாச்சும் பேசினாளா?"

"ஒண்ணும் பேசல சார். மொகம் ஒரு மாதிரி இருந்துச்சு. வழியில நிறுத்தச் சொல்லி வேகவெச்ச வேர்க்கடல வாங்கிச்சு. எனக்கும் கை நெறய குடுத்துச்சு. வேணாம்மா, ஜாஸ்தினேன். சாப்டுங்க பாய்னு சொல்லுச்சு."

வெளியே வந்த என் மகள் முதலில் கை நீட்டிக் கொடுத்தது அவருக்குத்தான், எனக்கில்லை. நல்ல மனிதர். எங்கள் தெருவில் எல்லாரும் அவர் ஆட்டோவில்தான் போகிறார்கள். நான் இன்னும் கொஞ்ச நாளைக்கு ஸ்கூட்டரிலேயே போகிறேன்.