மொரியோவின் ஜாடையில் ஒரு பாறை

கடலோர விடுதியின் வாசலில் ஷூவைக் கழற்றிய மொரியோ, பக்கத்தில் இன்னொரு ஜோடிக்கு இடம் விட்டு ஓரமாக வைத்தார். வைத்த பிறகுதான் உறைத்தது. குனிந்து அதை நடுவில் தள்ளிவிட்டு உள்ளே போனார்.

விடுதிக்காரி சவாகோ எப்போதும் கொடுக்கும் மாடி அறையையே கொடுத்தாள். தேநீர் கொண்டுவந்தவள் ஒரே ஒரு கோப்பைதான் வைத்தாள். துக்கம் விசாரித்துக் கடிதம் போட்டவள்தான். நேரில் அதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. அந்த மட்டுக்கும் நல்லது என்று நினைத்துக்கொண்டார் மொரியோ. யாராவது ஆறுதல் சொன்னால் அவருக்கு எரிச்சல்தான் வரும்.

மலைப்பக்கத்து ஊர்க்காரர் அவர். கான்கிரீட் கலவை லாரி ஓட்டியே தலை நரைத்தவர். குளிர் தொடங்கி நண்டுப் படகுகள் கடலுக்குப் போக ஆரம்பித்ததும், அவரும் மனைவி ஹரூயோவும் இங்கே வந்து ஓர் இரவு தங்குவார்கள். கல்யாணம் ஆன நாளிலிருந்து பழக்கம். வெந்நீர் ஊற்றில் குளியல், நண்டுச் சாப்பாடு, மறுநாள் கருவாடு வாங்கிக்கொண்டு பஸ். வேறு ஊரை அவர்கள் யோசித்ததே இல்லை.

விடுதியில் இரண்டு குளியல் தொட்டிகள், நடுவில் ஒரு பலகைச் சுவர். நீலத் திரை தொங்கினால் ஆண்கள், சிவப்புத் திரை தொங்கினால் பெண்கள். சாயங்காலம் கடலைப் பார்த்த இடப்பக்கத் தொட்டி பெண்களுக்கு. விடிவதற்குள் திரைகளை இடம் மாற்றிவிடுவார்கள். காலையில் அது ஆண்களுக்கு. இரண்டு பக்கச் சுகமும் எல்லோருக்கும் கிடைக்கட்டும் என்ற ஏற்பாடு.

மொரியோவுக்குக் கிடைத்ததே இல்லை. சாயங்காலம் குளித்து, சாக்கே என்ற அரிசி மதுவைக் குடித்துப் படுத்தால் தலையில் கல்லைப் போட்டாலும் எழமாட்டார்.

குளித்துவிட்டு நடைக்கூடத்தில் குளிர்ந்த பால் பாட்டிலோடு காத்திருப்பார். ஹரூயோ முகம் சிவக்கச் சிவக்க வந்து அவர் பாட்டிலைப் பிடுங்கி மிச்சத்தைக் குடிப்பாள்.

"ஏங்க, அந்தப் பக்கம் கடல்ல ஒரு பாறை இருக்கு. நீங்க கோவிச்சுக்கிட்டு உக்காந்திருக்க மாதிரியே."

"பாறைக்கு ஏதுடி கோவம்?"

"அதையேதான் நானும் கேக்கறேன். நாளைக்குக் காலையில ஒரு தடவை எந்திரிச்சு வந்து பாருங்களேன்."

"வீட்டுல கண்ணாடி இருக்கு, அதுல பாத்துக்கறேன், போ."

வருஷா வருஷம் இதே பேச்சு. போன தடவை மட்டும் பஸ் ஏறும்போது, "அடுத்த வருஷம் பாக்கறேன், போதுமா?" என்று வாய்விட்டுச் சொல்லியிருந்தார். அவள் மழைக்காலத்தில் போய்விட்டாள். சொன்ன சொல் நின்றுவிட்டது. அதற்காகத்தான் இந்தப் பயணம். மகளிடம்கூடச் சொல்லவில்லை, பாறையைப் பார்க்கப் போகிறேன் என்று எப்படிச் சொல்வது?

சாயங்காலம் நீலத் திரையை விலக்கி உள்ளே போனார். தேய்த்துக் குளித்து, தொட்டியில் இறங்கி, மடித்த துண்டைத் தலைமேல் வைத்துக்கொண்டார். ரோக்குரோ என்ற படகுக்காரன் ஏற்கெனவே உள்ளே இருந்தான். விடுதிக்கு நண்டு கொடுப்பவன். அவனுக்கும் அவன் தாய்க்கும் சவாகோ குளியலை இலவசமாக விட்டிருந்தாள். மொரியோ கண்ணை மூடினார். சுவருக்கு அப்பால் தண்ணீர் ஊற்றும் சத்தம், மர வாளி தரையில் முட்டும் சத்தம். போதும் என்று தோன்றியதும், சுவருக்கு அப்பால் ஹரூயோவுக்கு எப்போதும் கொடுப்பது போலக் குரல் கொடுத்தார்.

"ஓய்! நான் ஏறப்போறேன்!"

அப்பால் வாளிச் சத்தம் நின்றது.

"சரி சரி, ஏறுங்க! எனக்கு இன்னும் முதுகு தேய்க்கல!" என்று ஒரு கிழட்டுக் குரல் வந்தது.

ரோக்குரோ வெடித்துச் சிரித்தான். "அது எங்க ஆத்தாண்ணே! யார் வீட்டுக்காரர் கூப்பிட்டாலும் சரின்னுடும். உங்க வீட்டம்மா என்ன நினைக்கும்?"

"அந்தப் பக்கம் எங்க வீட்டு ஆள் யாரும் இல்ல."

"பின்ன யாரைக் கூப்பிட்டீங்க?"

மொரியோ தலையில் இருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். ரோக்குரோவுக்குப் புரிந்துவிட்டது. அவனும் தண்ணீரை அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டான்.

இரவுச் சாப்பாட்டில் சாக்கே வேண்டாம் என்றார். சவாகோ அதிர்ந்து போனாள்.

"உடம்புக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல. காலையில எந்திரிக்கணும்."

"நீங்களா? உங்களை எழுப்ப அவங்க பட்ட பாடு இந்த மாடி முழுக்கக் கேட்டிருக்கே!" சொல்லிவிட்டு உதட்டைக் கடித்தாள்.

"கேட்டுச்சா?" என்றார் மொரியோ. ஏனோ எரிச்சல் வரவில்லை. நண்டுக்காலை அவரே உடைத்தார். சதை பாதி ஓட்டிலேயே நின்றது. உடைத்து உருவிக் கொடுக்க ஆள் இருந்தவரைக்கும் அது ஒரு வித்தை என்றே அவருக்குத் தெரியாது.

விடிந்தும் விடியாமலும் இறங்கிப் போனார். நீலத் திரை இடப்பக்கம் மாறியிருந்தது. அங்கே தொட்டியில் கழுத்துவரை இறங்கிக் கடலைப் பார்த்தார்.

பாறை இருந்தது. ஒன்றா இரண்டா? கடல் முழுக்கப் பாறை. கூன் விழுந்தது, முகவாய் நீண்டது, மண்டை சப்பையானது. பார்க்கப் பார்க்க எல்லாமே கோபமாக இருப்பது போலவும் தெரிந்தது, எதிலுமே கோபம் இல்லாதது போலவும் தெரிந்தது. இதில் எது? கோபம் வந்தால் தன் முகம் எப்படிப் போகும் என்று அவருக்கே தெரியாது. கண்ணாடி முன்னால் நின்று யார் கோபப்படுகிறார்கள்? அதைப் பார்த்தவள் அவள் ஒருத்திதான். கையோடு கொண்டு போய்விட்டாள்.

ஒரு தடவை, ஒரே ஒரு தடவை எழுந்து வந்திருந்தால், சுவருக்கு இந்தப் பக்கத்திலிருந்து "எதுடி?" என்று கேட்டிருக்கலாம். அவளும் சொல்லியிருப்பாள்.

தோல் நண்டு போலச் சிவந்துவிட்டது. ஏற மனம் வரவில்லை. தோளைக் குறுக்கி, முகவாயை நீட்டி, கடலை முறைத்தபடியே உட்கார்ந்திருந்தார்.

காலைச் சமையலுக்கு மீன் கொடுக்க வந்த ரோக்குரோ குளிரில் நடுங்கிக்கொண்டே உள்ளே வந்தான். தொட்டியில் கால் வைத்தவன் அவரைப் பார்த்தான், கடலைப் பார்த்தான், மறுபடி அவரைப் பார்த்தான்.

"என்னண்ணே, காலங்காத்தால கடல் மேல அப்படி என்ன கோவம்? அதோ, அந்தப் பாறையாட்டமே உக்காந்திருக்கீங்க!"

"எது?"

"அதோ, நீர்க்காகம் உக்காந்திருக்கே, அதுதான். அப்படியே உரிச்சு வச்சிருக்கு."

மொரியோ பார்த்தார். குறுகிய தோள், நீண்ட முகவாய், உச்சியில் ஒரு கறுத்த நீர்க்காகம். அலை வந்து மூஞ்சியில் அடித்தது. அது அசையவில்லை.

அவருக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. சிரித்தால் ஜாடை போய்விடுமே என்று அடக்கிக்கொண்டார்.