ஒன்பது சாவியும் ஒரு வெள்ளாடும்

உலகத்தில் நடந்து பேர் வாங்கியவர்கள் எத்தனையோ பேர். மலை ஏறினவர் உண்டு, பாலைவனம் தாண்டினவர் உண்டு. ஆனால் கோவில்பட்டியில், தார் உருகிச் செருப்பில் ஒட்டும் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்தபடி கடலை மிட்டாய் பாக்கெட் போட்டுக்கொண்டே இருபத்து மூவாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு அடி நடந்தவர் ஒரே ஒருத்தர்தான். அவர் பெயர் ஷேக் பரீத். சந்தேகப்படுகிறவர்கள் அவருடைய செல்போனைப் பார்க்கலாம். செல்போன் பொய் சொல்லாது. சொன்னாலும் அதுக்கு வாய் இல்லை.

வயது நாற்பத்தாறு. பத்தொன்பது வயதில், சினிமாக் கொட்டகை வரிசையில் நிற்கும்போது முதல் வலிப்பு வந்தது. அன்றைக்கு ஊர் அவருக்கு ஒரு வைத்தியம் சொன்னது: "நீ சும்மா உக்காரு." சைக்கிளைத் தொட்டால் உக்காரு, பந்தை உதைத்தால் உக்காரு, சொந்தக் கல்யாணத்திலே பந்தி விசாரிக்க எழுந்தபோதும் உக்காரு. இருபத்தேழு வருசம் உட்கார்ந்தார். மாத்திரை தவறாமல் போட்டதில், கடைசியாக வலிப்பு வந்து மூன்று வருசம் ஆகிறது. அது காலி செய்த இடத்துக்குத் தொப்பை குடிவந்துவிட்டது. ரயில் நிலையப் படியில் பாதி ஏறுவதற்குள் மூச்சு, நெல்லை பாசஞ்சருக்கு முன்னால் கிளம்பிப் போய்விடும்.

கவனமும் அப்படித்தான். பாக்கெட்டுக்கு இருபது துண்டு மிட்டாய் எண்ணிப் போடவேண்டும். பதிமூன்று வரைக்கும் சரியாகப் போவார். அதற்கப்புறம் மனசு ஜன்னல் வழியாக வெளியே போய்த் திரும்பும். சில பாக்கெட்டில் பத்தொன்பது, சில பாக்கெட்டில் இருபத்திரண்டு. இருபத்திரண்டு கிடைத்த வீடுகளில் அவருக்காக துவா செய்தார்கள்.

டாக்டரம்மா மிட்டாய்க் கணக்கு உட்பட எல்லாவற்றையும் கேட்டு, பரிசோதித்துவிட்டுச் சொன்னார்: "வலிப்பு இப்ப கட்டுக்குள்ள இருக்கு. எனக்குப் பயம் உங்க இதயத்தை நெனச்சுத்தான். தினமும் நடங்க. உடம்பு தேறுனா கவனமும் கொஞ்சம் தேறலாம். நடுவுல நின்னு, மணிக்கட்டுல விரலை வச்சு, ஒரு நிமிசம் நாடித்துடிப்பை எண்ணுங்க."

அவர் மனைவி ஆயிஷா பீவி லேசில் விடவில்லை. "ரோட்டுல வச்சு வலிப்பு வந்துச்சுன்னா?" கடைசியில் ஒரு ஒப்பந்தம் போட்டார். ஒரு மாதம் நடக்கலாம், மகள் கூடப் போகவேண்டும், தினமும் ஆறாயிரம் அடி போனில் ஏறவேண்டும். ஒரு தடவை வலிப்பு வந்தாலும் திரும்ப நாற்காலி. வராவிட்டால், அடுத்த மாதத்திலிருந்து தனியாகப் போகலாம்.

தனியாக. பத்தொன்பது வயதுக்கப்புறம் ஷேக் பரீத் ஒரு தெருவையும் தனியாகத் தாண்டியதில்லை. அந்த ஒரு வார்த்தைக்காக அவர் தூத்துக்குடி வரைக்கும்கூட நடப்பார்.

மகள் அஃப்ஷானுக்குப் பதினேழு வயது. பதினொன்றாம் வகுப்பைப் பாதியில் விட்டவள். வாத்தியார் நாற்காலியில் வெல்லப்பாகு தடவிய விஷயத்தில் பள்ளிக்கூடத்துக்கும் அவளுக்கும் ஒத்துப்போகவில்லை. வாப்பாவுக்குப் பத்தடி பின்னால் நடப்பதுதான் இப்போது அவளுடைய உத்தியோகம்.

முதல் நாளே சிக்கல். மார்க்கெட் முக்கில் ஷேக் பரீத் நின்றார். மணிக்கட்டில் விரலை வைத்தார். எண்ணிக்கை தவறக் கூடாதே என்று கண்ணை ஒரு சுவரில் நட்டு, உதட்டை மட்டும் அசைத்தார். எதிரே இரும்புக்கடை பூவனலிங்கம் பார்த்தார்.

"ஏலே, பாய்க்கு வந்துட்டு! சாவி, சாவி!"

வலிப்பு வந்தால் கையில் இரும்பைக் கொடுக்கவேண்டும் என்பது அந்த ஊரில் பால்குடி மறக்காத பிள்ளைக்கும் தெரியும். பூவனலிங்கம் கடைச்சாவியைக் கொண்டுவந்து உள்ளங்கையில் அழுத்தினார். அஃப்ஷான், "வாப்பா நாடி பாக்காவ மாமா" என்று கத்தினது யார் காதிலும் விழவில்லை. ஷேக் பரீத் எண்ணிக்கை கெடுமே என்று வாயைத் திறக்கவில்லை. நிமிசம் முடிந்ததும் நிமிர்ந்து, "தொண்ணூத்தி நாலு" என்றார்.

"இரும்பு பட்டதும் தெளிஞ்சிட்டாரு பாத்தியளா!" என்று கூட்டம் கலைந்தது. சாவி அவர் சட்டைப்பையில் தங்கிவிட்டது.

அதற்கப்புறம் அவர் நின்ற இடமெல்லாம் சாவி மழை. டீக்கடை முத்துசெல்வி பெட்டிச்சாவி கொடுத்தாள். மினிபஸ் ஓட்டுநர் ஜெயபாண்டி, வண்டியை நடுரோட்டில் நிறுத்தி, சாவியை உருவிக்கொண்டு ஓடிவந்தார். பின்னால் ஹாரன் அடித்தவர்களிடம், "உசிரு முக்கியமா, ஒங்க அவசரம் முக்கியமா?" என்று சண்டை போட்டார். அன்றைக்கு அந்த நாடி எண்பத்தெட்டு. குறைந்துகொண்டுதான் வந்தது. அதை யாரும் கேட்கவில்லை.

அஃப்ஷான் ஒவ்வொரு சாவிக்கும் விழுந்து விழுந்து சிரித்தாள். அவளுடைய கவலை வேறு. வாப்பா மூச்சு வாங்கி வாங்கி நடந்தாலும் மூவாயிரம் அடிக்கு மேல் ஏறவில்லை. உம்மாவோ ராத்திரிச் சோற்றுக்கு முன்னால் போனை வாங்கிப் பார்ப்பாள். ஆகவே வாப்பா போனை வீட்டில் வைத்துவிட்டு வேலைக்குப் போயிருக்கும் மத்தியானங்களில், பக்கத்து வீட்டுக் காளீஸ்வரியின் வெள்ளாடு உத்தியோகத்தில் சேர்ந்தது. அதன் பேர் மேனேஜர். பழைய காலுறைக்குள் போனைப் போட்டு, பச்சை ரிப்பனால் அதன் கழுத்தில் கட்டிவிட்டால், மேனேஜர் மிட்டாய் கம்பெனிக்குப் பின்னால் தண்டவாளத்தோரம் மேய்ந்து, குறைந்த அடியைக் கொண்டுவந்து சேர்க்கும். ஒரு செவ்வாய்க்கிழமை அதை நாய் விரட்டியது. இருபத்து மூவாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு.

மாதம் முடிய இரண்டு நாள் இருக்கும்போது பூவனலிங்கம் வீட்டுக்கு வந்தார்.

"அக்கா, பாய்கிட்ட என் சாவி இருக்கு. நாலு வாரமா பூட்டை ஒடச்சுத்தான் கடை தொறக்கேன். வலிப்பு வந்த மனுசன்கிட்டப் போய்க் கேக்கவான்னு இருந்தேன்."

ஆயிஷா பீவி சட்டைப்பைகளைத் துழாவினார். ஏழு சாவி. "ஏழு தடவையா!" என்று தலையில் கைவைத்து உட்கார்ந்தார். நாற்காலி மறுபடியும் திண்டு போட்டுத் தயாரானது. புருசன் சொன்னதும் மகள் சொன்னதும் காதில் ஏறவில்லை. "டாக்டரம்மா சொல்லட்டும்" என்றார்.

ஆஸ்பத்திரி மேசையில் ஏழு சாவியும் கொட்டப்பட்டன. டாக்டரம்மா போனைப் பார்த்தார்.

"செவ்வாய்க்கிழமை மத்தியானம் மூணு மணிக்கு பதினோராயிரம் அடியா? எங்க போனீங்க?"

அஃப்ஷான் மெல்லக் கதவுப் பக்கம் நகர்ந்தாள். ஷேக் பரீத் கூசாமல் சொன்னார்: "அன்னைக்குக் கொஞ்சம் வெரசாப் போயிட்டேன்." வாப்பாவுக்கு எந்தக் கிழமையில் என்ன செய்தோம் என்பதே மனசில் நிற்காது, நல்லது என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

"சரி, ரோட்டுல நின்னு என்னதான் செஞ்சீங்க, காட்டுங்க."

விரலில் ஒரு சிறு கருவியை மாட்டிவிட்டார்கள். அவர் மணிக்கட்டைப் பிடித்தார். சுவரில் கண்ணை நட்டார். உதடு அசைந்தது. பாதி நிமிசம் ஆகியிருக்கும். கதவோரம் எட்டிப்பார்த்த ஆஸ்பத்திரி உதவியாளர் இசக்கிதுரை, "அய்யோ, பாய்க்கு வந்துட்டு!" என்று அலறிக்கொண்டு பாய்ந்து, தன் ஸ்கூட்டர் சாவியை அவர் கையில் திணித்தார். நாற்காலி சாய்ந்தது, மருந்துப் புட்டி உருண்டது, ஆயிஷா பீவி, "யா அல்லாஹ்!" என்றார். ஷேக் பரீத் இமைக்கவில்லை. நிமிசம் முடிந்ததும் சொன்னார்: "எழுபத்தெட்டு."

கருவியிலும் எழுபத்தெட்டு.

டாக்டரம்மா முதலில் சிரித்து முடித்தார். அப்புறம் இசக்கிதுரையைப் பார்த்துச் சொன்னார்: "சாவியால ஒண்ணும் ஆகாது. வலிப்பு வந்தா கையில, வாயில எதையும் திணிக்காதீங்க. ஒருக்களிச்சுப் படுக்க வச்சு, தலைக்குக் கீழ துணி வைங்க. அஞ்சு நிமிசம் தாண்டுனா ஆம்புலன்ஸ்." ஆயிஷா பீவி பக்கம் திரும்பினார். "பதிமூணுல நின்ன மனுசன், இத்தனை கூத்துக்கு நடுவுல எழுபத்தெட்டு வரைக்கும் எண்ணிட்டாரும்மா. மாத்திரையை விடாம போகட்டும். தனியாப் போகலாம்."

ஆயிஷா பீவி ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "போன் கையில இருக்கணும்" என்றார்.

மறுநாள் காலை ஷேக் பரீத் தனியாகக் கிளம்பினார். சட்டைப்பையில் அஃப்ஷான் எழுதிய அட்டை: "நான் நாடி பார்க்கிறேன். சாவி வேண்டாம்." மார்க்கெட் தாண்டினார், தீப்பெட்டி ஆபீஸ் தாண்டினார், ரயில் நிலையப் படியில் நிற்காமல் ஏறினார். மேலே போய் மணிக்கட்டைப் பிடித்து எண்ணினார். முடித்துவிட்டு, திரும்பிப் பார்க்காமலே கூப்பிட்டார்.

"ஏட்டி அஃப்ஷான். தூணுக்குப் பின்னால என்ன செய்யுத?"

தூணோரம் தெரிந்த தாவணி நுனி உள்ளே போனது.

"மேனேஜர் கழுத்துல நீ போனைக் கட்டுனது ஒம்பது நாளு. ஜன்னல் வழியாப் பாத்துக்கிட்டேதான் மிட்டாய் எண்ணுனேன். அதான் இந்த மாசமும் பத்தொம்பது, இருபத்திரண்டு. வா இங்கன."

அவள் வந்தாள். முகத்தைச் சிரிப்பாக வைத்துக்கொள்ளப் பார்த்தாள்.

"ஊரு சாவிக்கெல்லாம் சிரிச்சியே. கைய விரி."

அவள் விரிக்கவில்லை. அவரே விரல்களைப் பிரித்தார். இறுகப் பிடித்த பிடியில், உள்ளங்கையில் பல்லுப் பல்லாய்த் தடம் விழுந்திருந்தது. ஒரு மாதத் தடம். அதற்குள் ஒரு சாவி.

அவர் அதைத் திருப்பிப் பார்த்தார்.

"இது நம்ம வீட்டுச் சாவில்லா? உம்மாவ உள்ள வச்சா பூட்டிட்டு வந்த?"

சட்டைப்பையில் போன் அலறத் தொடங்கியது.